மேற்குச் சுவரில் தலைவர்

கம்பெனி பஸ் ஆறு நிமிடம் நிற்கும். இட்லிக் கூடையோடு கிழக்கு வாசலில் இறங்கி, கங்கப்பன் வீட்டு எருக்குழியைச் சுற்றி, முள்வேலிச் சந்தில் உடம்பை ஒருக்களித்து நுழைந்து, மேற்கே ரோட்டுக்கு வந்து சேர ஏழு நிமிடம். முனிலட்சுமி மூன்று முறை செல்போனில் நேரம் வைத்துப் பார்த்துவிட்டாள். மூன்றாவது முறை ஓடியே பார்த்தாள். சாம்பார் பாதி வழியிலேயே கொட்டியது. நிமிடம் மட்டும் குறையவில்லை.

ஜூஜுவாடிப் பக்கம் பாலம் கட்டுகிறார்கள். அதனால் அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து மூன்று ஷிப்ட் பஸ்களும் அவள் வீட்டு மேற்குச் சுவரை ஒட்டித்தான் நிற்கப்போகின்றன. பதினோரு வருடம் ஒரு கம்பெனியில் நின்றபடியே பேக்கிங் செய்து, காண்ட்ராக்ட் முடிந்தது என்று ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பப்பட்டவள் அவள். இட்லிக் கடைக்குக் கொப்பரை வாங்கியாயிற்று, அடுப்பு வந்தாயிற்று. பாக்கி, மேற்குச் சுவரில் ஒரு வாசல். அது ஒன்றாம் தேதிக்குள் வராவிட்டால், எதிரே தகரக் கொட்டகை போட்டுக்கொண்டிருக்கும் சம்பங்கியின் கடையில் முதல் நாள் கூட்டம் போய் உட்கார்ந்துவிடும். முதல் நாள் உட்கார்ந்த கூட்டம் அப்புறம் எழுந்திருக்காது.

வேறு வீடென்றால் கடப்பாரையை எடுத்து இரண்டு நாளில் முடித்திருப்பார்கள். இது சாவடி வீடு. மைசூர்ச் சீமை வண்டிகளை நிறுத்திச் சுங்கம் வாங்கிய கல் கட்டடம். அவள் புருஷன் கரியப்பனின் முப்பாட்டன் அங்கே காவல்காரர். சுங்கம் போனது, அதிகாரிகள் போனார்கள், காவல்காரரைப் போகச் சொல்ல மட்டும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் அதைப் பாரம்பரியக் கட்டடம் என்று பதிவு செய்தார்கள். அன்றிலிருந்து ஓர் ஆணி அடிப்பதென்றாலும் வட்டாரப் பாரம்பரியக் கட்டட ஆய்வுக் குழுவிடம் ஆறு நகல்களில் விண்ணப்பம் தர வேண்டும்.

குழுவுக்குத் தலைவர் திருமலை. கல் பேசும் என்பது அவருடைய கொள்கை. கிருஷ்ணகிரிப் பக்கம் இரண்டு குன்றுகளைப் பாளம் பாளமாக அறுத்துக் கப்பலேற்றியவர். அறுபட்டபோது அவை என்ன பேசின என்று அவர் சொன்னதில்லை. குன்றுகள் தீர்ந்த பிறகு பாரம்பரியத்துக்கு வந்துவிட்டார்.

குழு நேரில் ஆய்வுக்கு வந்தது. திருமலை செருப்பைக் கழற்றிவிட்டு மேற்குச் சுவரில் காதை வைத்தார்.

"கல்லு பேசுதும்மா."

"என்னா சொல்லுதுங்கய்யா?" என்றாள் முனிலட்சுமி.

"என்னைத் தொடாதேங்குது."

"நீங்க காத எடுத்துட்டா நிறுத்திக்குமோ என்னாமோ."

கரியப்பன் அவள் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினான். கார் சீட் தைக்கும் கம்பெனியில் ஸ்பாஞ்ச் வெட்டுபவன் அவன். அளவு டேப்பும் கட்டரும் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும், பயம் முகத்தில் இருக்கும்.

குழுவின் கட்டடக் கலைஞர் சுஜாதா பெங்களூரிலிருந்து காரில் வருபவர். சட்டத்தை அவர்தான் விளக்கினார். "புதுசா எது செஞ்சாலும் பழசோட ஒத்துப்போகணும்மா. ஆனா பழசுன்னு நம்மள ஏமாத்தவும் கூடாது."

"எங்க மாமியாரும் இதேதாங்க சொல்லுச்சி. இந்த வூட்டு ஆளாட்டம் நடந்துக்க, ஆனா இந்த வூட்டு ஆளுன்னு நெனச்சிக்காத."

சுஜாதா சிரித்துவிட்டார். தலைவர் இருந்ததால் உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்.

நான்காம் நாள் பதில் வந்தது. 'மேற்குப் புறத்தில் வாசல் என்பது கட்டடத்தின் பதிவு நிலைக்கு மாறானது. நிராகரிக்கப்படுகிறது.' பதிவு நிலை என்றால், பதிவு செய்த நாளில் நான்கு புறமும் எடுத்த படங்களில் கட்டடம் எப்படித் தெரிகிறதோ அது. மேல்முறையீடு செய்யலாம், ஆறு நகல்.

மேல்முறையீடும் அதே குழுவிடம்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் திருமலை, சுஜாதா, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் சென்னகிருஷ்ணன், செயலர் மணிவேல். இந்தப் பக்கம் முனிலட்சுமி நின்றாள், அவளுக்குப் பின்னால் கரியப்பன் ஒளிந்திருந்தான்.

"பதிவு, பதிவுன்றீங்களே. அந்தப் படத்த நான் ஒருக்கா பாக்கலாமுங்களா?"

மூன்று வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை. மணிவேலுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அரசாங்க ஊழியர், கேட்டால்தான் தெரியும். கோப்பைத் திறந்து படங்களை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார். கிழக்கு, படியில் ஓர் ஆட்டுக்குட்டி. தெற்கு, கொடியில் கரியப்பனின் லுங்கி. வடக்கு, வெறும் கல். மேற்கு, திருமலை.

பன்னிரண்டடி அகலம், பதினாறடி உயரத்துக்குத் திருமலை. கூலிங் கிளாஸ், கூப்பிய கைகள், தலைக்கு மேலே 'பாரம்பரியத்தின் பாதுகாவலரே, வருக! வருக!' பதிவு நாளன்று அவரை வரவேற்க அவருடைய தம்பிகள் கட்டிய ஃப்ளெக்ஸ். சுவர் ஒரு சாண் கூடத் தெரியவில்லை. அடியில் 'நான்கு புறங்களும் உள்ளது உள்ளபடி' என்று எழுதி, தலைவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

சுஜாதா மேற்குப் படத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"விதிப்படி," என்றார் சுஜாதா மெதுவாக, "படத்துல இருக்கறதுதான் கட்டடம்."

"அப்ப லுங்கியும் பாரம்பரியமா மேடம்?" என்றார் சென்னகிருஷ்ணன்.

"அது கிழிஞ்சிபோச்சுங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் நடுங்கியது.

ஆனால் திருமலையின் முகம் மலர்ந்துகொண்டே போனது. "அப்படின்னா… சட்டப்படி… என் படமும் பாதுகாக்கப்பட்ட கூறு?"

"ஆமா சார்."

"அதை எடுத்தது யாரு?" தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரைக் கேட்டு எடுத்தாங்க? மணிவேல், நோட்டீஸ் எழுதுய்யா!"

"எழுதவே வாணாங்கய்யா," என்றாள் முனிலட்சுமி. "எங்கியும் போவல, பத்திரமா இருக்குது. கோழிக் கொட்டாய் மேல போட்டிருக்கோம். நாளைக்கே எடுத்தாந்து மாட்டிடறோம். என்னா, வைக்கோல் வாரி குத்தி ஒரு கண்ணுல ஓட்ட. மீசைல ஒரு பக்கம் எலி கடிச்சிடுச்சி. மேல கொஞ்சம் கோழியும்… அது கழுவுனா போயிடும்."

"புதுசா அடிச்சு மாட்டிக்கலாம்," என்றார் தலைவர் அவசரமாக.

"முடியாது சார்," என்றார் சுஜாதா. "அசலைத்தான் வைக்கணும். சிதைஞ்ச இடத்த ஊகத்துல நிரப்பக் கூடாது."

"ஊகம் எதுக்கு? மீசை இதோ எங்கிட்டயே இருக்கே, பார்த்து வரையலாமே!"

"இது இப்போதைய மீசை சார். படத்துல இருக்கறது கறுப்பு."

நெடுஞ்சாலைக்குப் போகும் ரோட்டில், நாளொன்றுக்கு மூன்று ஷிப்ட் சனங்கள் பார்க்க, ஒற்றைக் கண்ணும் அரை மீசையுமாகக் காலத்துக்கும் தொங்குவதைத் திருமலை மனக்கண்ணில் பார்த்தார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். "ஃப்ளெக்ஸ் கட்டடத்துல சேராது," என்றார்.

"சரி சார். அப்ப பதிவு தப்புன்னு மாவட்டத்துக்கு எழுதிடறேன்," என்று மணிவேல் பேனாவைத் திறந்தார்.

"தப்புன்னு யாருய்யா சொன்னது?"

"நீங்க கையெழுத்துப் போட்ட நாளுல மேற்கால என்ன இருந்துச்சுன்னு கேப்பாங்க சார்."

அடுத்த மாதம் குழுவைப் புதுப்பிக்கிறார்கள். பதிவு தப்பு என்றால் தலைவர் தப்பு. திருமலை பேனாவை மூடச் சொல்லிச் சைகை காட்டினார். மேற்கில் இருப்பது சுவர் என்று குருடனுக்கும் தடவினால் தெரியும். ஆனால் அந்த மேஜையில் இருந்த ஒருவராலும் இப்போது அதைச் சொல்ல முடியாது.

"அப்படின்னா பின்னால என்னதான் இருந்துச்சு?" என்று தலைவர் கூரையைப் பார்த்துக் கேட்டார்.

"வாசல் இருந்திருக்கலாமுங்க," என்றாள் முனிலட்சுமி. "நான் இருந்துச்சுன்னு சொல்லல. இல்லன்னு உங்க ஃபைல்ல இல்ல."

மணி ஒன்றரை. சாப்பாடு வந்தபாடில்லை. சென்னகிருஷ்ணன் எழுந்து நின்றார். நின்றால் அவருக்கு வரலாறு வரும். "இருங்க இருங்க! மைசூரு எங்கிருக்குது? மேற்கால. வண்டி எங்கிருந்து வரும்? மேற்கால. மேற்கால வாசல் இல்லாம சுங்கத்த யார்கிட்ட வாங்கினாங்க, காக்காகிட்டயா?"

பழைய வண்டிப் பாதை சாவடிக்குக் கிழக்கே ஓடியது என்பது வாத்தியாருக்கே தெரியும். அதை அவரே ஒரு சிறு நூலில் எழுதியிருக்கிறார். பசி வேளையில் தன் நூலைத் தானே மேற்கோள் காட்டும் பழக்கம் அவருக்கு இல்லை.

தீர்மானம் கால் மணியில் நிறைவேறியது. 'மேற்குப் புறத்தில் இருந்திருக்கக்கூடிய வாசலை மூன்றரை அடி அகலம், ஏழடி உயரத்தில் மீட்டெடுக்கலாம். அவ்விடத்தை மறைக்கும் பிற்கால அடைப்புகளை, அந்த அளவுக்கு மட்டும், உரிமையாளர் நீக்கிக்கொள்ளலாம்.' மீட்டெடுத்த வாசலைத் தலைவர் ஒன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்குத் திறந்துவைப்பார் என்பதும் தீர்மானத்தின் பகுதி.

கல் தச்சர்கள் பத்து நாள் வேலை செய்தார்கள். வாசக்கால் நின்றது, மரக்கதவு வந்தது. முப்பதாம் தேதி சாயங்காலம் முனிலட்சுமி ரோட்டில் நின்று தன் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதிரே சம்பங்கியும் பார்த்தார், வேறு மாதிரி.

ஒன்றாம் தேதி காலை ஐந்து முப்பத்தைந்து. முதல் ஈடு இட்லி இறங்கியாயிற்று. சாம்பார் கொதிக்கிறது. முனிலட்சுமி கதவை உள்பக்கமாக இழுத்துத் திறந்தாள்.

ரோடு இல்லை. கையை வைத்துத் தள்ளினாள். தொப்பென்று உப்பி, திரும்ப வந்து அவள் முகத்தில் அடித்தது. விடியுமுன்னே தம்பிகள் வந்து கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பழைய அளவு, புதிய கூலிங் கிளாஸ். 'வரலாற்று வாசலை மீட்ட வள்ளலே!'

"அவுத்து வுடுங்க!"

"நானா?" என்றான் கரியப்பன். "போன ஃப்ளெக்ஸ எடுத்ததுக்கே நோட்டீஸுன்னாங்க."

வெளியே பிரேக் சத்தம். பஸ். செருப்புக் கால்கள் இறங்கின.

"வாசன வருது, கடையக் காணமே!"

"தலைவரு வவுத்துக்குள்ள இருக்குதாட்டம் இருக்கு!"

"இங்க வாங்க, இங்க! இங்கயும் சூடா இருக்குது!" இது சம்பங்கி.

ஒரு நிமிடம் போயிற்று. முனிலட்சுமி மசாலா டப்பாவுக்கு அடியிலிருந்து உத்தரவை உருவி, அடுப்பு வெளிச்சத்தில் விரல் வைத்துப் படித்தாள்.

"மறைக்கும் பிற்கால அடைப்புகளை… என்னாங்க, இது எப்ப வந்துச்சு?"

"இப்பத்தான், விடியக்காலம்."

"வாசல் எப்ப வந்துச்சு?"

"முந்தாநேத்து." கரியப்பன் யோசித்தான். "வாத்தியாரு கணக்குல எரநூறு வருசம் முந்தி."

"எப்பிடிப் பாத்தாலும் இது பிற்காலந்தானே? எடு கட்டர!"

இரண்டாவது நிமிடமும் போயிருந்தது. பதினைந்து வருடமாக ஒரு மில்லிமீட்டர் தப்பாமல் வெட்டிய கை, கட்டருக்கு முன் டேப்பை எடுத்தது.

"அட, வெட்டுய்யா!"

"அளவுக்கு மட்டும்னு போட்டிருக்குது லட்சுமி. தப்புனா குத்தமாயிடும்." மூன்றரை. ஏழு. நான்கு புள்ளி வைத்தான். இடது பக்கம் ஒரு கோடு, வலது பக்கம் ஒரு கோடு, கடைசியாக மேலே. திருமலையின் கீழுதடு, தாடை, கழுத்து, கூப்பிய கைகள் எல்லாம் ஒரே துண்டாகச் சரிந்து ரோட்டு மண்ணில் கால்மிதி போல் விழுந்தன. மேலே மீசை அப்படியே நின்றது. மீசைக்குக் கீழே, ஆவி பறக்க, முனிலட்சுமி கரண்டியோடு நின்றாள்.

சம்பங்கி கடைப் பெஞ்சில் பாதி உட்கார்ந்த மாதேஸ்வரி பாதியிலேயே எழுந்தாள். பேக்கிங்கில் முனிலட்சுமிக்குப் பக்கத்து மேஜைக்காரி. "யக்கா! தலைவரு வாயத் தொறந்துட்டாருடி, வாங்கடி!" என்று கத்தினாள்.

பஸ் சனம் மொத்தமும் வாய்க்குள் போயிற்று. பொட்டலத்தோடு வாயிலிருந்து வந்தது. டிரைவருக்கு இரண்டு வடை போனதில், பஸ் அன்று எட்டு நிமிடம் நின்றது. ஆறரைக்குப் பைக்கில் வந்த மணிவேல் நான்கு இட்லி சாப்பிட்டார். கை கழுவி, மேற்குப் புறத்தைப் படம் எடுத்து, 'பணி நிறைவு, உள்ளது உள்ளபடி' என்று கட்டடத்தின் புதிய பதிவுப் படமாக அங்கேயே பதிவேற்றினார். திறப்பு விழாவுக்கு முன்பே பதிவேறிவிட வேண்டும் என்பது தலைவரின் உத்தரவு. சுஜாதா பெங்களூரிலிருந்தும் சென்னகிருஷ்ணன் வீட்டிலிருந்தும் போனில் ஒப்புதல் தந்தார்கள். தலைவர் பூஜையறையிலிருந்து, படத்தைப் பெரிதாக்காமலே, ஒப்புதல் தந்தார்.

ஒன்பது மணிக்கு மாலை, நாடா, கத்திரிக்கோலோடு கார் வந்தது. திருமலை இறங்கினார். நிமிர்ந்து பார்த்தார். மீசைக்குக் கீழே வாசலாகிப்போன தன்னைப் பார்த்தார். தன் வாய்க்குள்ளிருந்து ஒருவன் பல் குத்திக்கொண்டே வெளியே வருவதைப் பார்த்தார்.

"யார்யா என் வாய வெட்டுனது?"

கரியப்பன் டேப்பை நீட்டினான். வாழ்க்கையில் முதன்முறையாக அவன் குரல் நடுங்கவில்லை. "அளவு கரெக்டா இருக்குதுங்க. மூணரைக்கு ஏழு. நீங்களே புடிச்சிப் பாருங்க."

"கழட்டுங்கடா அதை!"

தம்பிகள் கயிற்றில் கை வைத்தார்கள். "சார், தொடச் சொல்லாதீங்க," என்று, விழாவுக்கு வந்து சேர்ந்திருந்த சுஜாதா போனை நீட்டினார். "பதிவுப் படத்துல ஃப்ளெக்ஸ் இருக்கு, ஓட்டையோட. நாலு பேரும் ஒப்புதல் குடுத்தாச்சு."

"ஃப்ளெக்ஸ் கட்டடத்துல சேராதுன்னு நானே சொன்னேனே?"

"சொன்னீங்க சார். ஆனா தீர்மானத்துல எழுதல. எழுதினா பழைய படம் தப்புன்னு ஆயிடும்."

"அப்ப இதை எடுக்கணும்னா?"

மணிவேல் பையிலிருந்து விண்ணப்பத் தாள்களை எடுத்து நீட்டினார். "ஆறு நகல் சார்."

கூட்டம் போன்களைத் தூக்கிப் பிடித்தது. திருமலை பழக்கதோஷத்தில் கைகளைக் கூப்பினார்.

"வாங்கய்யா, மொதல்ல சாப்புடுங்க," என்றாள் முனிலட்சுமி. "ஆறு நகல் எழுதறதுன்னா நேரமாவும். உள்ள ஃபேனு ஓடுது."

அவர் தரையில் கிடந்த தன் கூப்பிய கைகளைத் தாண்டி, தன் மீசைக்கு அடியில் புகுந்து மறைந்தார். உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு வாய்க்குள்ளிருந்து குரல் வந்தது.

"சட்னியக் கொஞ்சம் கெட்டியா வைம்மா."