முழங்கால் உயரத்துக்கு

வின்கோ துருப்பிடித்த கம்பிவேலியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் உயிர்வேலிக்காக நாற்பது காபர் மரக்கன்றுகளை நட்டதிலிருந்து, பக்கத்து வீட்டு ஸ்லாவ்காவுக்குத் தொண்டையில் ரொட்டி இறங்கவில்லை.

"எல்லாம் உங்க கண்ணு படாம இருக்கத்தான்க்கா," என்று தபால்காரி மார்ட்டா சிரித்தாள். தெருவே அப்படித்தான் பேசியது. பேச்சில் நியாயம் இல்லாமலும் இல்லை. வின்கோ எத்தனை மணிக்கு எழுந்தார், ஞாயிற்றுக்கிழமை சூப்பில் நூடுல்ஸ் போட்டாரா என்பதெல்லாம் ஸ்லாவ்காவின் சமையலறை ஜன்னலுக்குத் தெரிந்த அளவு அவருடைய சொந்தத் தங்கைக்கே தெரியாது. புருஷன் போனபிறகு அந்த ஜன்னல்தான் அவளுக்குத் துணை என்பது மட்டும் தெருவுக்குத் தெரியாது. காலையில் அவர் படியில் உட்கார்ந்து காபி குடிப்பார். இவள் உள்ளே நின்று குடிப்பாள். சேர்ந்து குடித்தது போலிருக்கும்.

வேலி அடர்ந்துவிட்டால் அதுவும் போயிற்று.

நல்லவேளை, அடரவில்லை. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர், முதலில் உயரம் வரட்டும், பிறகு வெட்டலாம் என்று இரண்டு வருஷம் விட்டுவைத்தார். கன்றுகள் ஒட்டடைக்கம்பு போல ஆளுயரம் நின்றன. அடியில் கோழி என்ன, கன்றுக்குட்டியே நுழையலாம். ஸ்லாவ்கா மனதுக்குள் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

மார்ச்சில், துளிர் விடுமுன், அவரே கூப்பிட்டார்.

"ஸ்லாவ்கா அம்மணி, உங்க முன்பக்க வேலி சுவராட்டம் நிக்குது. என்னோடது ஏன் பட்டினி கெடந்த மாதிரி இருக்கு?"

'தண்ணி ஊத்துங்க' என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. ஆனால் காற்றில் சாய்ந்த மூன்று கன்றுகளைப் பழைய ஸ்வெட்டர் நூலால் அவர் முட்டுக்குச்சியோடு கட்டியிருந்தது கண்ணில் பட்டது. பொய் வரவில்லை.

"முழங்கால் உயரத்துக்கு வெட்டணும். எல்லாத்தையும்."

"என்னது! ரெண்டு வருஷமா வளத்ததையா?"

"நட்ட அன்னைக்கே வெட்டியிருக்கணும். தலையை வெட்டினாத்தான் அடியிலேருந்து கிளைக்கும். நகருங்க, நீங்க வெட்டினா விரல்தான் விழும்."

தன் கத்திரியை எடுத்துவந்து ஆரம்பித்தாள். வெட்டுக்கு வெட்டு வின்கோ 'ஐயோ' என்றார். ஒவ்வொரு வெட்டிலும் தன் ஜன்னலைத் தானே அடைக்கிறோம் என்று தெரிந்தும், மொட்டுக்கு மேலே சாய்வாக, ஒழுங்காகத்தான் வெட்டினாள். அரைகுறை வேலை அவள் கைக்கு வராது.

நாற்பதாவதும் விழுந்தது.

"அடர எத்தனை வருஷமாகும்?"

"நாலு." பிறகு கேட்டே விட்டாள்: "என்னை மறைக்கத்தானே நட்டீங்க?"

"உங்களை மறைக்கக் கோட்டை கட்டினாலும் ஆகுமா? மலைக்காத்துல என் பீன்ஸ் கொடி நிக்கமாட்டேங்குது, அதுக்குத்தான்." வின்கோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அம்மணி... நடுவுல ஒரு கன்னை மட்டும் பிடுங்கிட்டா என்ன?"

"எதுக்கு?"

"வந்து போக."

ஸ்லாவ்கா அவருடைய வயிற்றை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒண்ணு பத்தாது. ரெண்டு பிடுங்கணும்," என்று சொல்லிவிட்டு, முகத்தைக் காட்டாமல் மண்வெட்டி எடுக்கப் போனாள்.