மூன்றாம் முறை கேட்டபோது

...நல்லவர் என்றா சொன்னார்கள், இத்தனை பேரும், ஒரே குரலில்? பள்ளிவாசல் முற்றத்தில், கல்மேடை மேல் பச்சைத் துணி போர்த்தி வைத்திருந்த சவப்பெட்டிக்கு முன்னால் நின்று இமாம் கேட்டதுதான் தாமதம், இவரை எப்படிப்பட்டவர் என்று அறிந்திருந்தீர்கள் என்று, வரிசையாய் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் "நல்லவராத்தான் தெரியும்" என்று முழங்கினார்கள், ரொட்டிக்கடைக்காரர், மீன்பிடிப் படகுக்காரர், ஹேசல்கொட்டை வியாபாரி, இவர்களுக்கு என்ன தெரியும் ருஷ்துவை, கடைவாசலில் உட்காரவைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தவரைத் தெரியும், ஹஜ்ஜுக்குப் போய் வந்தவரைத் தெரியும், வீட்டுக் கதவைச் சாத்திய பிறகு இருந்த மனுஷனை யாருக்குத் தெரியும்? நெஸிஹேயை யாரும் கேட்கவில்லை. அவள் பின்னால், தொழுகைக்குமுன் கைகால் கழுவி ஒளூச் செய்யும் குழாய்களின் ஓரமாக, பெண்களோடு நின்றிருந்தாள், வாழ்க்கையெல்லாம் அந்த மனுஷனோடு குடித்தனம் நடத்தியவள். காலையிலேயே மகன் தஹ்சின் சொல்லிவிட்டான், "அம்மா, நீ அத்தைகூடப் பின்னாடி நில்லு, முன்னால வராத, நல்லாருக்காது." எது நல்லாருக்காது? அவரைக் குளிப்பாட்டித் துடைத்து, மூன்று மாதம் மூத்திரத் துணி மாற்றியபோது முன்னால்தானே நின்றாள், அப்போது நல்லாயிருந்ததா?

அடுத்து அந்தக் கேள்வியைக் கேட்கப் போகிறார் இமாம், அவளுக்குத் தெரியும், இவர் மேல் உங்களுக்குள்ள உரிமைகளை, பட்ட கடனை, செய்த குறையை, மன்னித்து ஹலாலாக்கி விடுகிறீர்களா என்று, மூன்று முறை, எல்லோரும் விட்டோம் விட்டோம் என்பார்கள், போகிறவர் சுமையில்லாமல் போவார்... எவ்வளவு சுலபம். ஹஜ்ஜிலிருந்து அவர் திரும்பிய மறுநாள், வீடு கொள்ளாத கூட்டம், அவள் அதிகாலையிலிருந்து அடுப்படியில், மக்காவிலிருந்து அவர் கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீரைச் சின்னச் சின்னக் கோப்பைகளில் ஊற்றிப் பேரீச்சம்பழத்தோடு நீட்டினாள், வந்தவர்களெல்லாம் அவர் கையை முத்தமிட்டார்கள், அவளும் சிரித்தாளே, பல் தெரியச் சிரித்தாளே. கடைசி ஆளும் போன பிறகு, இரவுத் தொழுகைக்குச் சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொன்னார், "உங்கம்மா காலையிலயே போயிட்டாங்களாம். ஃபோன் வந்துச்சு. மத்தியானமே அடக்கியாச்சு. நீ அழுது ஊளையிட்டு, வந்தவங்க முன்னாடி என் மானத்த வாங்கிருவேன்னுதான் சொல்லல." மலை மேல் இருந்தது அம்மாவின் ஊர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம், முகத்தைப் பார்த்திருக்கலாம், நெற்றியைத் தொட்டிருக்கலாம். மறுநாள் அம்மாவைப் புதைத்த கப்ரையாவது பார்த்துவிட்டு வருகிறேன் என்றதற்கு, பொம்பளைங்க போறது மார்க்கத்துல இல்ல என்றுவிட்டார். எந்த மார்க்கத்தில்? அவளும் குர்ஆன் ஓதியவள்தான், அம்மா மடியில் உட்கார்ந்து ஓதியவள், அந்தப் பக்கம் மட்டும் அவள் கண்ணில் படாமலே போயிற்றா? ஒருத்தியின் தாய் செத்ததை அவளிடம் மறைத்துவிட்டு அவள் கையால் பேரீச்சம்பழம் பரிமாற வைப்பது எந்த மார்க்கத்தில் இருக்கிறது?

படுக்கையில் விழுந்த பிறகு ஊரையே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாரே. வேலியோரத்து மரத்துக்காகச் சண்டை போட்ட பக்கத்துத் தோட்டக்காரரை வரவழைத்து, கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்காராவில் இருக்கிற பழைய கூட்டாளிக்கு ஃபோன் போட்டார். எல்லோரும் வந்து போன ஒரு சாயங்காலம், சூப்பைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டே அவள் கேட்டாள், வெட்கத்தை விட்டுக் கேட்டாள், "எங்கிட்ட ஒண்ணும் கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?" அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "உங்கிட்ட எதுக்குடி கேக்கணும்? நீ வேற, நான் வேறயா?" அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்துகொண்டார்.

"ஹலாலாக்கி விடுகிறீர்களா?" இமாமின் குரல், இளைஞர், போன மாதம்தான் மாற்றலாகி வந்தவர். "ஹலால் ஆகட்டும்!" முற்றம் அதிர்ந்தது. பக்கத்தில் நாத்தனார் சாதெத் முக்காட்டுக்குள் விசும்பிக்கொண்டே சொன்னாள், ஹலால் ஆகட்டும், ஹலால் ஆகட்டும். நெஸிஹே உதட்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டாம் முறை, இன்னும் பலமாக. அவள் வாய் மூடியிருந்தது யாருக்குத் தெரிந்தது? அவர்கள் சத்தத்தில் அவள் சத்தமும் சேர்த்தி என்றுதானே எடுத்துக்கொள்வார்கள், அவளுடையதையும் சேர்த்து இவர்கள் விட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அவளுடையதை, யாரைக் கேட்டு... கால்கள் நகர்ந்துவிட்டன. சாதெத் கையைப் பிடித்து இழுத்ததும், உதறியதும், ஆண்கள் திடுக்கிட்டு வழிவிட்டதும், எல்லாம் வேறு யாருக்கோ நடப்பது போல் இருந்தது. பெட்டியின் தலைமாட்டில் நின்றாள்.

"நான் சொல்லல" என்றாள். கத்தவில்லை.

"என்ன சொல்லலம்மா?" இமாமின் முகம் சிவந்தது.

"இவங்க சொன்னத. என்னோடதை இவங்க எப்படி விட்டுக் குடுக்க முடியும்?"

"பாவி, எந் தம்பிய அந்தரத்துல நிறுத்திராதடி!" பின்னாலிருந்து சாதெத் அலறினாள். வியாபாரி தொண்டையைக் கனைத்தார், "புருஷன் போன துக்கத்துல புத்தி கலங்கிருச்சு, நீங்க நடத்துங்க இமாம்." இமாம் தலையை ஆட்டினார், பயந்த மாதிரிதான் ஆட்டினார். "இல்ல மாமா. உரிமை உள்ளவங்க உயிரோட முன்னால நிக்கிறாங்க, நான் எப்படித் தாண்டிப் போறது?" பிறகு அவள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "அம்மா, உங்களத்தான் கேக்குறேன். உங்க உரிமைய ஹலாலாக்குறீங்களா?"

அவளைத்தான். தஹ்சின் வந்து தோளைத் தொட்டான், "மழை வரப்போகுதும்மா, சொல்லிரு, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க." காத்துக்கொண்டிருக்கிறார்கள், இந்த ஊர் ஆண்கள், அவளுடைய ஒரு சொல்லுக்கு... இல்லை என்று சொல்லத்தானே வந்தாள், ஜன்னலோரம் உட்கார்ந்து எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள், பிறகு ஏன் நாக்கு எழவில்லை? இல்லை என்றாலும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், ஆம் என்றாலும் போய்விடுவார்கள், அதற்கப்புறம் அவளிடம் என்ன இருக்கும்? அம்மாவுக்காக அவள் அழவில்லை, நாற்பதாம் நாள் அம்மாவுக்காக ஓதிய துஆவுக்குக்கூட அழவில்லை, பற்களைக் கடித்துக்கொண்டிருந்தாள், இத்தனை வருஷமும் கடித்துக்கொண்டேதான் இருந்தாள், அப்படியானால் இந்தக் கோபம்தான் அம்மாவுக்காக அவள் பிடித்த துக்கமா, இதை இந்தப் பெட்டியோடு அனுப்பிவிட்டால் அம்மாவை எங்கே போய்த் தேடுவாள்? முதல் துளி பச்சைத் துணியில் விழுந்து கறுத்தது. யாரும் குடை விரிக்கவில்லை.

"இருங்க" என்றாள் நெஸிஹே. "யோசிச்சுச் சொல்றேன்."