அந்த ஒரு கப்பலுக்கு மட்டும்

1

இந்தக் கதை ஒரு தீர்மானத்திலிருந்து பிறந்தது. அதைத் தட்டச்சு செய்தவன் நான். 1988 செப்டம்பர், ரங்கூன் துறைமுகம், பைலட்டுகளின் வேலைநிறுத்தக் குழு. வாசகம் இது: 'அரசு விலகும்வரை எந்தக் கப்பலையும் ஆற்றுக்குள் கொண்டுவர மாட்டோம். அமெரிக்கப் போர்க்கப்பல் வந்தால், அந்த ஒரு கப்பலுக்கு மட்டும் விலக்கு.'

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நாங்கள் சிரிக்கவில்லை, எழுந்து நின்று கைதட்டினோம். ஊ சிட் மௌங் என்ற எங்கள் தலைவர், எழுபது கிலோ கோபம் உள்ள மனிதர், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பைலட் என்றதும் ஆகாயத்தைப் பார்க்காதீர்கள். கடலிலிருந்து வரும் கப்பலில் ஆற்றுவாயில் ஏறி, மணல் திட்டில் தட்டாமல் நகரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர் பைலட். எத்தனை பெரிய கேப்டனும் எங்கள் ஆற்றில் அவர் சொன்னபடிதான் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். நான் அந்த அலுவலகத்தில் தட்டச்சுக்காரன். வீட்டில் சண்முகம், துறைமுகத்தில் கோ மியா, கோபம் வந்தால் எல்லோருக்கும் 'டேய் காலா', இந்தியர்களைத் திட்டும் சொல்.

ஆகஸ்டில் அரசுக்கு எதிராக ஊரே தெருவில் இறங்கியது. சிப்பாய்கள் சுட்டார்கள். ஊர் மறுபடியும் இறங்கியது. அப்போதுதான் எங்களைக் காப்பாற்ற அமெரிக்கக் கப்பல் வந்தது. அதாவது, வந்துவிட்டது என்ற பேச்சு வந்தது. காலையில் ஆற்றுவாயில் ஒரு கப்பல் நின்றது, மதியச் சாப்பாட்டுக்குள் மூன்றாகி, சாயங்காலம் ஐந்தாகி, விளக்கு வைக்கும் நேரத்தில் அதிலிருந்து விமானங்கள் கிளம்ப ஆரம்பித்துவிட்டன. மீன்காரியின் மைத்துனன் தன் கண்ணாலேயே பார்த்திருந்தான். அந்த மைத்துனனை மட்டும் யாரும் பார்த்ததில்லை.

2

முதல் தொடக்கம்: 'ரங்கூன் ஆறு அமைதியாக ஓடிக்கொண்டிரு—'

வேண்டாம். அந்த ஆறு ஒருநாளும் அமைதியாக ஓடியதில்லை.

இரண்டாம் தொடக்கம்: 'முதல் தோட்டா யாருடைய—'

இதுவும் வேண்டாம். தோட்டாவில் தொடங்கினால் நீங்கள் கடைசிவரை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு படிப்பீர்கள். நாங்கள் அப்படி இருக்கவில்லை ஐயா! வாழ்க்கையில் முதல்முறையாக வாய்விட்டுப் பேசினோம். டீக்கடையில் அரசாங்கத்தைத் திட்டினோம், திட்டிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஐந்து வாரமும் எனக்குக் காய்ச்சல் போல ஒரு சந்தோஷம் இருந்தது. அதை எழுத முடியாவிட்டால் இந்தக் கதையே எதற்கு?

2 (மறுபடியும்)

ஆகவே கூட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

"சயா, ஒரு சந்தேகம்," என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "எந்தக் கப்பலும் உள்ள வரக் கூடாதுன்னுதானே நாம உக்காந்திருக்கோம். நாளைக்கு அமெரிக்காக்காரன் வந்து நின்னா அவன யாரு கூட்டிட்டு வர்றது?"

"அவன்கிட்ட ரேடார் இருக்குய்யா," என்றார் இன்னொருவர்.

"நம்ம மணல் திட்டு ரேடாருக்கெல்லாம் அடங்குமா? போன வாரம் படுத்திருந்த எடத்துல இந்த வாரம் இருக்காது. உன்னைய மாதிரிதான், எங்க எந்திரிக்கும்னு யாருக்கும் தெரியாது."

சிரிப்பு. ஊ சிட் மௌங் மேசையைத் தட்டினார். "அப்ப விலக்கு குடுத்துருவோம். அந்த ஒரு கப்பலுக்கு மட்டும். யாரு போறது?"

முப்பது பேரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். கோ ஞூண் பே. நாற்பது வயது, தொந்தி, வாயில் எப்போதும் வெற்றிலை. பதினைந்து வருடத்தில் ஒரு கப்பலைக்கூட மணலில் தட்டவிட்டதில்லை. அவர் எழுந்தார், ஜன்னல் பக்கம் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பிறகு சொன்னார்:

"அந்தக் கப்பல் இந்த ஆத்துக்குள்ள—"

அதற்குள் யாரோ "தோ அயே!" என்று கத்தினார்கள். எங்கள் போராட்டம் என்று அர்த்தம். அறை முழுக்க அதைத் திருப்பிக் கத்தியது. மேசை அதிர்ந்து என் தட்டச்சு இயந்திரம் தானாக மணி அடித்தது. ஞூண் பே திறந்த வாயோடு உட்கார்ந்துவிட்டார்.

கூட்டக் குறிப்பில் நான் அடித்தது: 'கோ ஞூண் பே சம்மதித்தார்.'*

* அவர் சம்மதிக்கவில்லை. ஒரு வாக்கியத்தைத் தொடங்கினார், அவ்வளவுதான். பாதி வாக்கியத்தைக் குறிப்பில் எழுதும் வழக்கம் எங்கள் அலுவலகத்தில் இல்லை. இந்தக் கதையில் அந்த வழக்கத்தை மாற்றியிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள்.

3

இப்போது மா ஓன் சீ. ஞூண் பேயின் தங்கை, இருபத்தாறு வயது, ஆரம்பப்பள்ளி ஆசிரியை. ஏழு முறை எழுதிவிட்டேன், ஏழு முறையும் அவள் வீரப்பெண்ணாக வந்து நிற்கிறாள். எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அவள் அப்படி இல்லை. சத்தமாகச் சிரிப்பாள், கடன் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கேட்டால் சண்டைக்கு வருவாள், கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்தை ஒருபக்கம் அதிகமாகப் பூசியிருப்பாள்.

வரும் கப்பலை வரவேற்க அவள் அமெரிக்கக் கொடி ஒன்று தைத்தாள். கோடுகள் சரி. நட்சத்திரம் எத்தனை? தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

"சம்முகா, நீ ஆபீஸ்ல கப்பல் கொடியெல்லாம் பாக்கிறவன்தானே? எத்தன நட்சத்திரம்?" என் பெயர் அவள் வாயில் அப்படித்தான் வரும்.

"ஐம்பத்திரண்டு," என்றேன். நிச்சயமாகத் தெரிந்தவன் குரலில்.

"சீட்டுக்கட்டா அது?"

"அம்பத்திரண்டுதான். வேணும்னா எண்ணிப் பாத்துக்க."

"எதப் பாத்து எண்றது, உன் மண்டையவா?" என்று சொல்லிவிட்டு ஐம்பத்திரண்டும் வெட்டித் தைத்தாள். இடம் போதாமல் கடைசி இரண்டு நட்சத்திரங்கள் சிவப்புக் கோட்டின் மேல் ஏறிவிட்டன.

(இந்தக் கதையில் காதல் கிடையாது என்று முதல் வரைவில் ஒரு வரி இருந்தது. பொய் என்பதால் அடித்துவிட்டேன்.)

4

செப்டம்பர் பதினெட்டு, மாலை நான்கு மணி. ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டதாக வானொலி சொன்னது. கூட்டம் கூடினால் சுடுவோம் என்றது. மறுநாள் காலை ஞூண் பே வீட்டு வாசலில் தெருவே நின்றது. அவர் மீன்சாறு ஊற்றிய மோஹிங்காக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கதவோரம்.

மா ஓன் சீ கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தாள். பள்ளி ஆசிரியைகள் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு அமெரிக்கத் தூதரகத் தெருவுக்குப் போவதாகத் திட்டம்.

"கோகோ," என்றாள் அண்ணனிடம், "மழுப்பாம சொல்லு. கப்பல் ஆத்துவாயில நிக்குதுங்கறாங்க. எப்ப உள்ள வரும்?"

அவர் கையில் கரண்டி அப்படியே நின்றது.

அவருக்குத் தெரிந்தது இது: விமானம் தாங்கும் கப்பல் மிதக்க முப்பத்தைந்து அடித் தண்ணீர் வேண்டும். நகரத்துக்குக் கீழே இருக்கும் மணல் திட்டில், முழு நிலா நாளின் ஏற்றத்தில்கூட அவ்வளவு கிடையாது. அன்றைக்கோ அரை நிலா, ஆறு சோம்பேறியாக ஏறும் நாள். இருபத்தைந்து அடி தேறினால் அதிகம். அந்தக் கப்பல் கடலில் நின்றால் நிற்கலாம், இந்த ஊருக்கு வராது.

அதை அப்போது சொல்லியிருந்தால் தங்கை வீட்டில் இருந்திருப்பாள். அப்படித்தான் அவர் இன்றுவரை நம்புகிறார். கதையின் முழு எடையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது, கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

வாசலில் நின்ற முகங்களைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஆகஸ்டில் மகனைப் பறிகொடுத்தவர், அவரும் நின்றார். ஞூண் பே சட்டைப்பையிலிருந்து நீரேற்ற அட்டவணையை எடுத்தார், விரலால் தடவினார்.

"பத்து நாப்பதுக்குத் தண்ணி உச்சிக்கு ஏறும்."

அவ்வளவுதான் சொன்னார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"பத்து நாப்பது! கேட்டீங்களா? பைலட்டே சொல்லிட்டாரு!"

தெருமுனைக்குப் போவதற்குள் 'பத்து நாற்பதுக்குக் கப்பல் கரை சேர்கிறது' என்று ஆகிவிட்டது. மா ஓன் சீ அண்ணனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டுக் கிளம்பினாள்.

"சம்முகா, இன்னொரு முனையப் பிடிக்க ஆள் வேணும். வர்றியா?"

எப்படி வராமல் இருப்பேன்?

5

இந்தப் பகுதியில் நான் இல்லை. அவர் பிற்பாடு சொன்னதை எழுதுகிறேன்.

எல்லோரும் போனபின் ஞூண் பே பையை எடுத்தார். வெள்ளைச் சட்டை, மழைக்கோட்டு, தொலைநோக்கி. தீர்மானம் போட்ட நாளிலிருந்து அந்தப் பையைத் தயாராகக் கட்டி வைத்திருந்தார். வராது என்று தெரிந்தவர் எதற்குப் பை கட்டினார்? கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சது மணலத்தானே? அமெரிக்காவப் பத்தி எனக்கென்னய்யா தெரியும்," என்றார்.

துறைக்கு நடந்தார். போகப் போக நடை வேகமானது. படகுத்துறையில் வெள்ளைச் சட்டையை மாட்டிப் பொத்தான் போட்டார். பத்து முப்பது. பழுப்புத் தண்ணீர் படியில் ஏறியது. அவர்கள் சின்னக் கப்பல் ஒன்றை அனுப்பலாமே? முன்னால் ஒரு படகு? பத்து முப்பத்தைந்து. தொலைநோக்கியை எடுத்தார். அந்த நகரத்திலேயே அந்தக் கப்பல் வர முடியாது என்று கணக்கோடு தெரிந்த ஒரே மனிதர், ஆற்று வளைவைப் பார்த்துக்கொண்டு "வா, வாடா, நான் கொண்டுவந்து சேக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னார்.

பத்து நாற்பது. தண்ணீர் உச்சிக்கு ஏறி நின்றது. நகரத்துக்குள் வெடிச்சத்தம் கேட்டது. ஒரு விநாடி, கப்பலின் பீரங்கி என்று நினைத்தார்.

6

முடிவுகள்.

(அ) கப்பல் வருகிறது! எனக்கு மிகவும் பிடித்த முடிவு, பதினொரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். ஞூண் பே கயிற்றேணியில் மூச்சு வாங்க ஏறுகிறார். அமெரிக்க கேப்டனிடம் வெற்றிலையை நீட்டுகிறார். அவர் சொல்லச் சொல்லக் கேட்காமல் கேப்டன் நேரே விட, கப்பல் மணலில் தட்டி நிற்கிறது. ஊரே கரைக்கு ஓடிவருகிறது. வடம் கட்டித் தேர் இழுப்பதுபோல இழுக்கிறோம். ஊ சிட் மௌங் அதட்டுகிறார், மீன்காரியின் மைத்துனன் முதல் ஆளாகப் பிடித்திருக்கிறான், கடைசியில் அவனைப் பார்த்துவிட்டோம்! கப்பல் அசைகிறது. மா ஓன் சீ மேல்தளத்துக் கொடியை எண்ணிப் பார்த்துவிட்டு என்னைத் திட்டுகிறாள்: "அம்பதுதாண்டா!"

(ஆ) அவள் ஒற்றைச் செருப்போடு வீடு திரும்புகிறாள். அண்ணன் மோஹிங்காவைச் சூடு பண்ணி—

இதை ஒவ்வொரு முறையும் இங்கேயே நிறுத்திவிடுகிறேன்.

(இ) நடந்தது. தெருமுனையில் ராணுவ லாரிகள் திரும்பின. நான் என் பக்கத்துக் கொடியை விட்டுவிட்டு ஓடினேன். விழுந்த முனை தரையில் படாமல் எடுக்க அவள் குனிந்தாள். அவள் எழவில்லை.

7

ஞூண் பேயும் நானும் எல்லை தாண்டி, தாய்லாந்தின் மே சோட்டுக்கு வந்து பல காலம் ஆகிறது. ஞாயிறுதோறும் ஒரே டீக்கடை. 2021ல் ராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்தபோது ரங்கூனிலிருந்து தப்பி வந்த பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து, "இந்தத் தடவ உலகம் சும்மா இருக்காது, கண்டிப்பா வருவாங்க" என்று மேசையைத் தட்டிப் பேசினார்கள். அதே காய்ச்சல், அதே கண்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஞூண் பே டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த ஞாயிறு அவர் என்னிடம் கேட்டது, முப்பது வருடங்களாகக் கேட்டுவருவதுதான்:

"அன்னைக்குப் போற வழியில அவ ஏதாவது சொன்னாளா?"

"இல்லையே, கோ ஞூண்," என்றேன். எப்போதும் சொல்வதுபோல.

சொன்னாள்.

தூதரகத் தெருவுக்குப் போகும் வழியில் கொடியைப் பிரித்தபோது கேட்டேன், பத்து நாற்பதுக்கு நிஜமாகவே வந்துவிடுமா என்று. அவள் அந்தச் சத்தமான சிரிப்பைச் சிரித்தாள்.

"பைத்தியக்காரா! நான் பைலட் வீட்டுப் பொண்ணு. வாய்ப்பாட்டுக்கு முன்னாடி அந்த மணல் திட்டோட ஆழத்ததான் மனப்பாடம் பண்ணேன். இன்னைக்கு அர நிலா. ஒரு தோணி வந்தாலே பெருசு."

"அப்புறம் எதுக்கு இந்தக் கொடி?"

"சிப்பாய்க்கு மணலப் பத்தித் தெரியாதுல்ல? யாரோ பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு அவன் நெனச்சா, ரெண்டு பேராவது சுடாம நிப்பான். பாவம் கோகோ, ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியல அதுக்கு. வீட்டுக்குப் போனதும் கேலி பண்ணணும்."

அவர் வார்த்தையை நம்பி அவள் போகவில்லை. இந்த ஒரு வாக்கியம் போதும், அந்த மனிதர் நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: "அவ விழுந்தப்ப நீ எங்க இருந்த?" கொடியின் மறுமுனையைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். அந்தக் கேள்விக்குப் பயந்து ஒரு கிழவரை இத்தனை ஞாயிறுகள் அவருடைய குற்றவுணர்வோடு உட்கார வைத்திருக்கிறேன்.

எனக்குப் பர்மியத்தில்தான் சரளமாக எழுத வரும். தமிழில் ஒவ்வொரு வரிக்கும் திணறினேன், உங்களுக்கே தெரிந்திருக்கும். இருந்தும் இதைத் தமிழில் எழுதியதற்கு ஒரே காரணம்தான். ஞூண் பேக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

ஆனால் நீங்கள் படித்துவிட்டீர்கள். மே சோட் சந்தைக்குப் பின்னால், நீலக் கதவு போட்ட டீக்கடை. ஞாயிறு காலை. வயது எழுபத்தாறு, தொந்தி வற்றிவிட்டது, வெற்றிலை மட்டும் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால், பர்மியம் தெரிந்த யாரையாவது கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் உட்காருங்கள். "அந்தக் கப்பல் இந்த ஆத்துக்குள்ள வராதுன்னு உங்க தங்கச்சிக்குத் தெரியும்" என்று அந்த வாக்கியத்தை முடித்து வையுங்கள்.

எதிரே ஒருவன் தலையைக் குனிந்து டீயைக் கலக்கிக்கொண்டிருப்பான். அவனிடம் எதுவும் கேட்க வேண்டாம். அவர் கேட்பார்.