அவள் உயரத்துக்கு ஒரு மேடை

பிள்ளைப்பாக்கத்தில் தணிகாசலம் வாங்கிய வண்டியைப் பார்த்துச் சிரிக்காதவர் பாக்கி இல்லை. நேருக்கு நேர் சிரித்தவர்கள் பாதி, அவர் தலை மறைந்ததும் சிரித்தவர்கள் மீதி. கம்பெனியில் ரிட்டயர் ஆன மனுஷன் கறவை மாடு வாங்கலாம். மாடியில் நாலு ரூம் எடுத்து, ஒரகடத்துக்கு வேலைக்கு வரும் திருநெல்வேலிப் பையன்களுக்கு வாடகைக்கு விடலாம். ஊரில் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். இவர் போய், ரெண்டு சக்கரம் வைத்த பெட்டி ஒன்றைத் தன் பழைய ஜீப்பின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு கட்டில், ரெண்டு ஜன்னல், மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பாத்ரூம். அவ்வளவுதான்.

"இன்னாண்ணா, கேரவனா? எந்த ஹீரோயின் வந்து தங்கப் போவுது?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

தணிகாசலம் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அந்த ஹீரோயின் என் பெண்டாட்டி செங்கமலம்தான் என்று சொல்லியிருந்தால் சிரிப்பு ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

செங்கமலம், தலைப்பிரசவம் முடிந்து ஓசூருக்குத் திரும்பிய மகள் கவிப்பிரியாவுக்குத் துணையாகப் போனவள். "ரெண்டு மாசத்துல வந்துடறேன், அரிசி மூட்டைய எலி கடிக்காம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அந்தக் குழந்தை இப்போது எல்கேஜி போகிறது. அதற்கு ஒரு தம்பியும் பிறந்து தவழ்ந்துகொண்டிருக்கிறான். மகள் ஒரு கம்பெனி, மாப்பிள்ளை ஒரு கம்பெனி. செங்கமலம் ஒரு நாள் படுத்துக்கொண்டால் அந்த வீடு நடக்காது. இதில் யாரைக் குறை சொல்வது? யாரும் யாரையும் பிரிக்கவில்லை. ஆனாலும் இவர் இங்கே, அவள் அங்கே.

இவரும் போய் இருந்து பார்த்தார். ஒரு பெட்ரூம், ஒரு ஹால். மாப்பிள்ளை ராத்திரியில் ஹாலில் உட்கார்ந்துதான் கம்ப்யூட்டரில் மீட்டிங் பேசுவார். இவர் சோபாவில் படுத்துக்கொண்டு, இருமல் வந்தால்கூட வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தார். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை, முகம் சுளித்ததே இல்லை. அதுதான் இவருக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. வந்த நாலாம் நாளே, ஊரில் மோட்டார் ரிப்பேர் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளம்பி வந்தார்.

வந்து என்ன? தனியாகச் சாப்பிடுவது ஒரு தண்டனை. ஓட்டல் சாப்பாடு அவருக்குப் பழக்கம்தான், கேன்டீன் சாப்பாட்டிலேயே காலத்தை ஓட்டியவர். ஆனால் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி, கவிழ்த்து வைத்த பிறகு அந்த வீட்டில் எந்தச் சத்தமும் இருக்காது. அவருக்கு அழுகை வந்த நாட்களும் உண்டு. வெட்கத்தை விட்டுச் சொன்னால், பல நாட்கள்.

அப்படி இருக்கும்போதுதான், கூட வேலை செய்த புருஷோத்தமன், ஒரகடம் பக்கத்தில் லாரிக்கு பாடி கட்டும் ஷெட் வைத்திருப்பவன், தன் ஷெட் மூலையில் கிடந்த அந்தப் பெட்டியைக் காட்டினான். யாரோ ஆசைப்பட்டுக் கட்டச் சொல்லி, பிறகு வராமலே போனது. கூரை ஒழுகியது. டயர் வெயிலில் வெடித்திருந்தது. தணிகாசலம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மகள் வீட்டு அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு காலி மனை இருப்பது அவர் மனசில் வந்து நின்றது. வீட்டுக்குள் இடம் இல்லையென்றால் என்ன, இடத்தைக் கையோடு கொண்டுபோய்விட்டால்? வண்டியை அந்த மனையில் நிறுத்திக்கொண்டு பொண்டாட்டி முகத்தைத் தினமும் பார்க்கலாம். வேறு ஒரு ஆசையும் அவருக்கு இல்லை.

மனைக்காரரிடம் போனிலேயே பேசிச் சம்மதமும் வாங்கிவிட்டார். ஆனால் செங்கமலத்திடம் மூச்சு விடவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு வருவதாக அவளுக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. மகள் ஒரு நாள் லீவு போட்டு அனுப்பி வைப்பதாகச் சொல்லியிருந்தாள். அன்றைக்குக் காட்டி, அன்றைக்கே கேட்டுவிடுவது என்று இருந்தார். அவள் சரி என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

கோடை முழுக்க அவருக்கு வேலை சரியாக இருந்தது. கூரையின் மூட்டுகளைச் சுரண்டி, பசை பூசி, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்த்தார். டயர் மாற்றினார். பேரிங்கைக் கழற்றிப் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக அடைத்தார். அடியில் தண்ணீர் டேங்க், அதற்கு ஒரு சின்ன பம்ப், கட்டிலுக்கு மேலே பேட்டரியில் ஓடும் ஃபேன், கேஸ் சிலிண்டருக்கு வெளிப்பக்கம் ஒரு பெட்டி. ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டிக்குத்தான் பராமரிப்பு அதிகம் என்பது அவருக்குப் போகப் போகத்தான் புரிந்தது. டேங்கில் தண்ணீர் நின்றால் நாறும். மெத்தையை வெயிலில் போடாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஒரே இடத்தில் நின்றால் டயர் அந்த இடத்தில் தட்டையாகும். அதனால் வாரத்துக்கு ஒருதரம் அதைத் தன்னந்தனியாக முன்னால் தள்ளி, பின்னால் தள்ளி, மறுபடி பழைய இடத்திலேயே சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்துவார். தெருவில் போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போவார்கள்.

எல்லாவற்றையும்விட அவர் உயிரைக் கொடுத்துச் செய்தது அடுப்பு மேடையை. செங்கமலம் குள்ளம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டு மேடை அவளுக்கு உயரம். ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றுதான் சமைத்தாள். "இத்த கொஞ்சம் எறக்கிக் கட்டிக் குடேன்யா" என்று கேட்கும்போதெல்லாம் "பொங்கலுக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லிச் சொல்லி, எத்தனையோ பொங்கலை ஓட்டிவிட்டார். பலகை இன்னும் அந்த இடத்திலேயே கிடக்கிறது.

"அண்ணி எவ்ளோ உயரம்ணா?" என்று புருஷோத்தமன் டேப்பை எடுத்துக்கொண்டு கேட்டான்.

தணிகாசலம் தன் சட்டையின் இரண்டாவது பட்டனைத் தொட்டுக் காட்டினார். "அவ தல இங்க வரும்."

புருஷோத்தமனுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான். அந்தப் பட்டனிலிருந்து கணக்குப் போட்டு இரும்புச் சட்டம் அடித்து, மேலே பளபளவென்று ஸ்டீல் தகடு போட்டு, ரெண்டு பர்னர் அடுப்பைப் பதித்துக் கொடுத்தான்.

ஆடிக் கிருத்திகையன்று காலையில் செங்கமலம் ஸ்ரீபெரும்புதூரில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. ஜீப்பின் பின்னால் நின்றதைப் பார்த்துவிட்டு, "இன்னாயா இது, ஐஸ் வண்டியா?" என்றாள்.

"கோயிலுக்குப் போய்ட்டு வந்து சொல்றேன்."

வல்லக்கோட்டையில் கூட்டம் நெரிந்தது. ஒரு காலி நிலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, காவடிகளுக்கு நடுவில் இடிபட்டு, மிதிபட்டு, சாமியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. தணிகாசலம் வண்டியின் நாலு மூலைக் கால்களையும் இறக்கி, சமமாக நிற்கிறதா என்று பார்த்து, கதவைத் திறந்து, படியைப் போட்டார். புது மாப்பிள்ளைக்கு இருக்கிற பதற்றம் அவருக்கு.

குழாயைத் திறந்து காட்டினார். ஜன்னல் வலையைக் காட்டினார். விளக்கைப் போட்டு அணைத்தார். கடைசியில் மேடையருகே கூட்டிக்கொண்டு போனார்.

"நின்னு பாரேன்."

அவள் நின்றாள். ரெண்டு கையையும் தகட்டின் மேல் வைத்தாள். தோள் தூக்காமல், எக்காமல், கை தானாகவே போய் உட்கார்ந்தது. ஒரு நிமிஷம் அப்படியே இருந்தாள்.

"பலக வேணாம்," என்றார் தணிகாசலம். பிறகு எல்லாவற்றையும் கொட்டினார். காலி மனை, மனைக்காரர், தினமும் சாயங்காலம் அவள் இறங்கி வந்தால் போதும் என்பது, மழைக்கும் ஒழுகாது என்பது. பேசி முடித்துவிட்டு அவள் வாயைப் பார்த்தார்.

செங்கமலம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் ஒன்றும் இல்லை அவள் குரலில்.

"மேல ஒரு அடுப்பு. கீழ ஒரு அடுப்பு. விடியக்காலைல எழுந்து பாப்பாவுக்கு டப்பா கட்டணும். அவுங்க ரெண்டு பேருக்கும் கட்டணும். சின்னவனுக்குக் கஞ்சி காய்ச்சணும். அல்லாத்தையும் முடிச்சிட்டு எறங்கி வந்து, இங்க ஒனக்கு ஒல வெக்கணும். அதுக்குத்தான இது?"

"அப்டி இல்ல, செங்கம்..."

"வேற எப்டி?"

கோடை முழுக்க அந்த மேடையைத் தேய்த்துப் பளபளப்பாக்கியபோது, அவள் அதன் முன்னால் நிற்பதை மட்டும்தான் நினைத்துப் பார்த்திருந்தார். அவள் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கவே இல்லை. அது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. யாரோ தலையில் குட்டினதுபோல் இருந்தது.

"அந்த ஃபேன் ஓடுமா?" என்று கேட்டாள்.

ஸ்விட்சைப் போட்டார். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "செத்த சாய்றேன்" என்று சொல்லிப் படுத்தவள், புடவைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொள்வதற்குள் தூங்கிப்போனாள்.

தணிகாசலம் வாசல் படியில் உட்கார்ந்தார். அவர் அசையும்போதெல்லாம் வண்டி லேசாக ஆடியது. அவளை எழுப்பிவிடும் என்று எழுந்துபோய், ஜீப்பின் நிழலில் தரையில் உட்கார்ந்துகொண்டார். எங்கோ காவடிக்குப் பம்பை மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். படிமேல் வைத்திருந்த அவள் செல் அடித்தது. ஓடிப்போய் எடுத்தார். மகள்.

"ப்பா, அம்மா எங்க? சின்னவன் கத்திக்கினே இருக்கான். சளி மருந்து எங்க வெச்சாங்கன்னு கேளு."

"லைன்ல நிக்குதும்மா. செம கூட்டம். உள்ள போன் எடுத்துனு போவக் கூடாதுன்ட்டாங்க."

பொய் சொல்லிவிட்டு, செல்லின் சத்தத்தைக் குறைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது நெஞ்சுப் பக்கத்தில் திரும்பத் திரும்ப அதிர்ந்தது. நிழல் நகர நகர அவரும் நகர்ந்து உட்கார்ந்தார். பசித்தது. போகவில்லை.

வெயில் சாய்ந்த பிறகுதான் அவள் திடுக்கிட்டு எழுந்தாள். "சின்னவனுக்குப் பால்..." என்று காலைக் கீழே வைத்தவள், எங்கே இருக்கிறோம் என்று தெரிந்ததும் மெதுவாக மறுபடி உட்கார்ந்தாள். வெளியில் அவர் தரையில் உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"எழுப்பியிருக்கலாமில்ல?"

"தூங்கினு இருந்த."

வண்டியைப் பற்றி அவளும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. ஓசூர் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு மட்டும், "மேட ஒசரம் கரெக்டா கீதுயா" என்றாள். பஸ் நகர்ந்துவிட்டது. அது பாராட்டா, ஆறுதலா என்று தெரியாமல் அவர் தலையை ஆட்டினார்.

மறுநாள் புருஷோத்தமன் ஷெட்டுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு போனார்.

"அடுப்பக் கழட்டிடு. மேடையையும் சேத்து."

"இன்னாண்ணா வெளாட்றியா? அளவு பாத்துப் பாத்துப் போட்டது."

"சிலிண்டர் பெட்டியும் வேணாம்."

புருஷோத்தமன் கட்டிங் மிஷினை எடுத்தான். அறுத்த இடத்தில் தகடு வைத்து மூடி, அந்தப் பக்கத்துச் சுவரோரம் காலை நீட்டிச் சாய்ந்து உட்காரும்படி ஒரு பெஞ்சு அடித்து, மேலே மெத்தை போட்டுக் கொடுத்தான். சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, கட்டை கொடுத்துவிட்டு, தணிகாசலம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ஓசூருக்குப் போன் போட்டார்.

"அடுப்ப எடுத்துட்டேன்," என்றார்.

"அப்ப சோத்துக்கு?"

"எனக்கு ஓட்டல் பழக்கம்தான. நான் பாத்துக்கறேன். நீ எறங்கி வந்தா சும்மா உக்காரு. தூக்கம் வந்தா தூங்கு. வரலன்னாலும் பரவால்ல. நான் கீழ கீறேன்னு ஒனக்குத் தெரிஞ்சா போதும்."

பின்னால் சின்னவன் வீறிட்டான். "இரு," என்று சொல்லிவிட்டு அவள் போனை எங்கோ வைத்தாள். கட் பண்ணவில்லை, மறந்துவிட்டாள்.

தணிகாசலமும் கட் பண்ணவில்லை. குழந்தையைத் தூக்கிச் சமாதானப்படுத்தும் சத்தம் கேட்டது. குழாய்த் தண்ணீர் கேட்டது. கரண்டி தட்டும் சத்தம், குக்கர் சத்தம், பெரியவள் எதற்கோ அடம்பிடிப்பது, செங்கமலம் அவளை அதட்டுவது. இந்தப் பக்கம் அவர் வீடு விளக்கில்லாமல் இருந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவர் அந்த வீட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கை வலித்தபோது மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். அவருக்கு அதுவே நிறைவாகவும் இருந்தது, தாங்க முடியாததாகவும் இருந்தது.

வெகுநேரம் கழித்து யாரோ போனை எடுக்கும் சத்தம் வந்தது.

"யோவ். இன்னும் லைன்லயா கீற?"

"ம்."

அவள் மூச்சு விடுவது கேட்டது. சமையலறையை விட்டு வேறெங்கோ நடந்துபோகிறாள் என்று தெரிந்தது. அந்தச் சத்தங்கள் எல்லாம் தூரமாயின. பிறகு தணிந்த குரலில் சொன்னாள்.

"அந்த ஃபேன மட்டும் கழட்டிடாத."

தணிகாசலம் போனைக் காதில் வைத்தபடியே எழுந்து, பேட்டரியில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் போனார்.