நூறு டன் கைநீட்டம்

என் தாய்மாமா நயினார் டன் ஒரு ரூபாய் வீதம் நூறு டன் புகையை விற்ற அன்று காலையில், நான் தம்பானூர் ஹோட்டல் ஒன்றின் ஹாலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் கம்ப்யூட்டர்ல தைரியமா அடிங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகாதாம். என் வாயைத் தைக்க வேண்டும்.

புகையை யாராவது விற்பார்களா என்று என் அம்மாவே கேட்டாள். விஷயம் இவ்வளவுதான். எங்கள் தொழிற்பேட்டையில் உள்ள ஆலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு இவ்வளவு கார்பன்தான் வெளியே விடலாம் என்று ஒரு உச்சவரம்பு. அந்த மொத்தத்தை டன் டன்னாகப் பிரித்து எங்கள் திட்ட ஆபீஸிலிருந்து ஆலைகளுக்கு அனுமதியாகக் கொடுத்துவிடுவோம். குறைவாகப் புகை விட்டவர் மிச்ச அனுமதியை விற்கலாம். கூடுதலாக விட்டவர் வாங்கியாக வேண்டும். வருஷக் கடைசியில், விட்ட புகைக்கு ஈடான அனுமதி கையில் இல்லாத ஆலைக்குப் பூட்டு. ரேஷன் அரிசி மாதிரிதான், விற்றால் குற்றமில்லை என்பது ஒன்றே வித்தியாசம்.

யாருக்கு எத்தனை டன் என்று பங்கு வைத்தது நான். பங்கு வைப்பதைப் போலக் கெட்ட பேர் வாங்கித் தரும் வேலை வேறு இல்லை. போன வருஷங்களின் சராசரியை எடுத்தால், 'அப்போ கம்பெனி மூடிக் கிடந்ததே' என்று ஒருவர் சண்டைக்கு வருவார். உற்பத்தியைப் பார்த்துக் கொடுத்தால், 'பழைய மெஷின்காரன் சாகட்டுமா' என்று இன்னொருவர். நயினார் மாமா மட்டும் வாயைத் திறக்கவில்லை. சாலைக் கடைத்தெருவில் இரும்புக் கடையும், தொழிற்பேட்டையில் கம்பி உருட்டுகிற சின்ன மில்லும் அவருக்கு. எல்லாருக்கும் போட்ட கணக்கைத்தான் அவருக்கும் போட்டேன். மாமா என்பதற்காக ஒரு டன்கூடக் கூட்டவில்லை. உலை வருஷம் முழுக்க எரிய எவ்வளவு வேண்டுமோ, சரியாக அவ்வளவு. கையை உதறினால் ஒரு டன் மிஞ்சும், அதற்கு மேல் கிடையாது.

கம்ப்யூட்டர் பழக்கமில்லாத முதலாளிகள்தான் அதிகம் என்பதால், முதல் இரண்டு நாள் விற்பனையை ஹாலில் மேசை போட்டு எல்லாரையும் கூட்டிவைத்து நடத்துவதென்று ஏற்பாடு. விற்கிறவர் அளவும், டன்னுக்கு என்ன விலை என்பதும் அடிப்பார். சுவரில் இருக்கிற பெரிய திரையில் அது தெரியும். யார் முதலில் 'வாங்கு' என்பதை அழுத்துகிறாரோ அவருக்குச் சொந்தம். தனியாகப் பேசிக் கைமாற்றுவது கூடாது, எல்லாம் திரை வழியாகத்தான். கள்ளக் கூட்டு சேராமல் இருக்க நான் எழுதிய விதி அது. எழுதும்போது எனக்கு அவ்வளவு பெருமை.

ஆரம்பித்ததும் திரையில் முதல் வரி வந்தது. விற்பவர் நயினார், அளவு ஒன்று, விலை ஒரு ரூபாய். அடுத்த நொடியே பிஸ்கட் கம்பெனி மேனேஜர் சுஜித் வாங்கிவிட்டான். மாமா மௌஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாலைக்காரர்கள் இருந்த மேசைகளில் ஒரு சிரிப்பு, ஒரு கைதட்டல். அதற்குப் பிறகு அவர்கள் எண்ணூறு, எண்ணூற்றைம்பது என்று ஒழுங்கான விலைக்கு விற்க ஆரம்பித்தார்கள்.

எங்கள் திட்டத் தலைவர் ஸ்ரீகுமார் சார் என் பக்கம் ஓடிவந்தார். "ஸ்ரீப்ரியே, ஒரு ரூபயோ? எந்தா இது? சிஸ்டம் கேடாயோ?"

"இல்ல சார். கைநீட்டம். முதல் வியாபாரம்லா, கேட்டவங்களுக்குக் குடுத்துருவாங்க. அத யாரும் விலையா எடுக்க மாட்டாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெரியாதவரா அவர்? காலையில் கடை திறந்ததும் நடக்கும் அந்த முதல் போணி ஊரறிந்த வழக்கம். கம்ப்யூட்டருக்கும் அது உண்டு என்று அவர் நினைக்கவில்லை, அவ்வளவுதான். எனக்கும் சிரிப்புதான். சாலையில் பிறந்தவள் என்ற கர்வத்தோடு என் இடத்துக்கு வந்து கணக்குப் பக்கத்தைத் திறந்தேன். சிரிப்பு அங்கேயே நின்றது.

மாமாவின் இருப்பில் ஒரு டன் குறையவில்லை. நூறு டன் குறைந்திருந்தது.

ஒன்று என்றால் எங்கள் திரையில் ஒரு டன் இல்லை, ஒரு லாட். ஒரு லாட் என்றால் நூறு டன். பெரிய ஆலைகளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று மென்பொருள் செய்த பிஜி அப்படி வைத்தாள், நானும் சரி என்று கையெழுத்துப் போட்டேன். 'அளவு' என்ற கட்டத்துக்குக் கீழே எறும்பு எழுத்தில் அதைச் சொல்லியும் இருந்தோம். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு திரையைப் பார்க்கிற மனிதருக்கு அது எங்கே தெரியப் போகிறது? நூறு டன் போனால் அவருடைய உலை வருஷக் கடைசியில் மாசக்கணக்காக அணைந்து கிடக்க வேண்டும். நாள் விலைக்குத் திரும்ப வாங்க அவரால் முடியாது. மில்லில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள்.

ஒரே ஒரு வழி இருந்தது. விற்றவரே 'தெரியாமல் அடித்துவிட்டேன்' என்று அன்று சாயந்திரத்துக்குள் எழுதிக் கொடுத்தால் ரத்து செய்யலாம். சாப்பாட்டு நேரத்தில் மாமாவை ஒரு ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவர் முகம் ஒரு நிமிஷம் வெளுத்துப் போனது. பிறகு கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"கைநீட்டம் குடுத்தத திருப்பி வாங்கணும்னு சொல்லுகியா மக்கா?"

"மாமா, நீங்க ஒரு டன்னுதான குடுக்க நெனச்சீங்க?"

"நெனச்சது என்ன கணக்கு? குடுத்தாச்சு. மொதல் ஆளு சந்தோஷமா வாங்கிட்டுப் போயாச்சு. அவன்கிட்டப் போயி தா ஓய்னு புடுங்கினா, பின்ன இந்தக் கச்சவடம், யாவாரம் வெளங்குமா? எனக்கு மட்டுமில்ல, இங்க இருக்க ஒருத்தனுக்கும் வெளங்காது."

"ஒல அணஞ்சா ஆளுகளுக்கு என்ன சொல்லுவீங்க?"

மோர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். "நீ எழுதியெல்லாம் கேக்காண்டாம். போ" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. என்ன பிடிவாதம் இது! அவர் மேல் வந்ததா, என் மேல் வந்ததா என்று பிரித்துப் பார்க்க எனக்கு அப்போது தெம்பில்லை.

ஸ்ரீகுமார் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்து சிறிசாக இருந்தது எங்கள் தப்பு, நாமே ரத்து செய்யலாமா என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர், உடனே முடியாது என்று சொல்லவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "அயாள் உன்றெ அம்மாவன் அல்லே?" என்றார். தாய்மாமன்தான். முதல் நாள், முதல் விற்பனை, பங்கு வைத்தவளின் தாய்மாமனுக்கு நஷ்டம் என்றதும் ரத்து. இத்தனை பேர் முகத்தில் எப்படி விழிப்பது? நாளைக்கு ஒவ்வொருவரும் வந்து, என் விற்பனையையும் ரத்து பண்ணு என்று நிற்பார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

மூன்றாம் பேரிடம் ஒருவருடைய இருப்பைப் பற்றி நான் வாயைத் திறக்கக் கூடாது. அதுவும் நான் எழுதியதுதான். என்ன செய்ய என்று தெரியாமல் காகிதங்களை அடுக்கிக் கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, சுஜித் வந்து நின்றான். பாறசாலைக்காரன், ரெண்டு பாஷையும் கலந்து பேசுவான்.

"சேச்சி, ஒரு டவுட்டு. காலத்த அந்த அண்ணாச்சி நூறு டன்ன ஒரு ரூவா வீதம் தட்டி விட்டாரே, என்னத்துக்கு? எனக்கு பயங்கர லாபம். பட்சே மனசுல ஏதோ ஒரு இது."

சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்தது, ஆனால் சொன்னது வெளியே தெரிந்தால் என் வேலையோடு திட்டமும் போகும். முழுங்கினேன்.

"அதப் பத்தி நான் ஒண்ணும் பேசப்படாது சுஜித். வெளியில டீ நல்லாருக்கும், போய்க் குடிங்க. சாலைக்காரங்க எல்லாம் அங்கதான் நிக்காங்க."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான். அவனுக்குப் புரிந்ததா, டீ வேண்டுமா என்று கேட்டதாக நினைத்துக்கொண்டானா, தெரியவில்லை. சாயந்திரம் ஆனது. மாமா எழுதிக் கொடுக்கவில்லை. என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டார்.

மறுநாள் ஹாலுக்கு வரும் வழியில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். உச்சவரம்பு, பங்கீடு, சந்தை என்று பெரிய பெரிய வார்த்தையாகப் பேசுகிறவள், கடைசியில் தேங்காயில் வந்து நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நன்றாக ஓங்கித்தான் உடைத்தேன்.

விற்பனை திறந்தது. திரையில் முதல் வரி வந்தது. விற்பவர் பிஸ்கட் கம்பெனி, அளவு ஒன்று, விலை ஒரு ரூபாய்.

எனக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் பிடித்தது. திருப்பிக் கொடுத்தால் மாமா வாங்க மாட்டார். இது திருப்பிக் கொடுப்பதல்ல, சுஜித்தின் கைநீட்டம். அது கைநீட்டம், மாமா ஒரு டன் என்று நினைத்து அடித்தது என்று யாரோ டீக்கடையில் அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். புரிந்த மறு நொடி சந்தோஷம் போய் பயம் பிடித்துக்கொண்டது. திரை எல்லாருக்கும் பொது. எண்ணூறு ரூபாய்ச் சரக்கு ஒரு ரூபாய்க்கு, நூறு டன், கேட்பாரற்று அங்கே தொங்குகிறது. ஹால் நிறைய ஆட்கள், ஆளுக்கொரு மௌஸ். யார் விரல் வேண்டுமானாலும் முந்தலாம்.

ஒருவரும் அழுத்தவில்லை.

சாலை மேசைகளில் கைகள் எல்லாம் மடியில் இருந்தன. ஒருவர் வேண்டுமென்றே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூலையில் கொல்லத்துக்காரர் அபிஜித், டைல்ஸ் கம்பெனி வைத்திருப்பவர், மௌஸின் மேல் கை வைத்தார். என் உயிர் போய் வந்தது. பக்கத்தில் இருந்தவர் அவர் காதில் ஏதோ சொன்னார். அபிஜித் கையை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டார்.

மாமா அசையவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுத்துங்களேன் மாமா, என் ராசா, அழுத்தித் தொலையுங்களேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

ஸ்ரீகுமார் சார் எழுந்தே விட்டார். "எந்தா ஆரும் வாங்காத்தது? சிஸ்டம் ஹேங்காயோ? பிஜி, ஒந்நு ரீஸ்டார்ட் செய்யூ."

ரீஸ்டார்ட் செய்தால் திரையில் நிற்கிறதெல்லாம் அழிந்துவிடும். பிஜியின் கை விசைப்பலகைக்குப் போனது. நான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "வேண்டாம்! சார், ஒண்ணும் கேடாகல. கொஞ்சம் பொறுங்க."

"எத்தற நேரம்?"

"அவங்க காத்துட்டிருக்காங்க சார்."

நான் போட்ட சத்தத்தில் மாமா திரும்பிப் பார்த்தார். நான் பிஜியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தையும், யாரும் தொடாத அத்தனை மௌஸ்களையும் பார்த்தார். எல்லாம் தனக்காகத்தான் நிற்கிறது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். எதிர் மேசையில் சுஜித் எழுந்து நின்றான்.

"அண்ணாச்சி, ஆதியத்தெ கச்சவடமாணு. வாங்க ஆளு வராம என்ன வெறும் கையோட இருத்திராதீங்க."

முதல் வியாபாரத்தைத் தட்டிவிட்டுப் போகிற பழக்கம் மாமாவுக்குக் கிடையாது. கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டார். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், எறும்பு எழுத்து உட்பட எல்லாவற்றையும் ஒரு தரம் படித்தார். அழுத்தினார்.

கைதட்டல் ஒன்றும் இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் குனிந்து தங்கள் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எண்ணூற்றுப் பத்து, எண்ணூற்று முப்பது என்று திரை நிரம்பியது. சுஜித் மௌஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தான், கொஞ்சம் வெட்கத்தோடு. நான் பிஜியின் மணிக்கட்டை விட்டபோது அதில் என் விரல் தடம் சிவந்திருந்தது. உட்கார்ந்து அழுதேன். சளி பிடித்திருக்கிறது என்று ஸ்ரீகுமார் சாரிடம் சொன்னேன்.

சாப்பாட்டு நேரத்தில் மாமா என் மேசைக்கு வந்தார்.

"மக்கா, அந்தச் சின்ன எழுத்தக் கொஞ்சம் பெருசாப் போடணும், கேட்டியா. நாளைக்கும் ஒருத்தன் கைநீட்டம் பண்ணுவாம்லா."