குணமானவரை யார் கூட்டிப்போவது?

வெள்ளிக்கிழமை மாலை ஜெபக்கூட்டத்தில், மூன்றாவது பாட்டுக்கும் அறிவிப்புகளுக்கும் நடுவில், லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்குப் புற்றுநோய் குணமாகிவிட்டது. மெக்கானிக்குக்கு விஷயம் மறுநாள் காலையில்தான் தெரிந்தது. புற்றுநோய்க்கு அதுவரை யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை.

அவர் அப்போது ஓர் அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், மெஷின் ரூமில், மோட்டாரின் பிரேக்கைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். சட்டைப்பையில் போன் ஓயாமல் துடித்தது. ஜெபக்குழுவின் குரூப் முழுக்கக் கைகூப்பும் படங்கள், பூங்கொத்துகள், ஆனந்தக் கண்ணீர் விடும் மஞ்சள் மூஞ்சிகள். 'நம் டீச்சருக்குப் பூரண சுகம்!' என்று பாஸ்டர் போட்டிருந்தார். அதற்குக் கீழே ஒருவர் பழக்கதோஷத்தில் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று போட்டுவிட்டு, அவசரமாக மன்னிப்பும் கேட்டிருந்தார்.

டீச்சர் என்றால் டிரைவிங் டீச்சர். அந்தக் குழுவில் கார் ஓட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவரிடம் கற்றவர்கள். மெக்கானிக்கும் அவரிடம்தான் கற்கப் போனார். லைசென்ஸ் கிடைக்கவில்லை, கல்யாணம் ஆனது.

நோய் மார்பில் தொடங்கி எலும்புக்கும் ஈரலுக்கும் போயிருந்தது. "கட்டுப்படுத்தி வைக்கலாம். முழுசா எடுக்க முடியாது" என்று டாக்டர் சொன்னதை இருவரும் ஒன்றாக உட்கார்ந்துதான் கேட்டார்கள். வெளியே வந்து வீடு சேரும் வரை ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவு ஏன் சரியாக மூடுவதில்லை என்பதைப் பற்றியே பேசினார்கள்.

அதன்பிறகு அந்த வீட்டைத் தாங்கியது ஜெபக்குழுதான். மெக்கானிக் இதை ஒப்புக்கொள்வார், கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு. மரச்சாமான் கடைக்கு மேல் மாடி ஹாலில் கூடும் குழு அது. சூப் யார், துணி யார், ஆஸ்பத்திரிக்குக் கார் யார் என்று முறை பிரித்து விரட்டியவர் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் மேனேஜர் அம்மா. எல்லோருக்கும் அவர் 'கமாண்டர்', அவர் காதுக்கு எட்டாதவரை. வந்த சூப்பில் உப்பு இருக்காது. துணி மடிக்க வந்தவர்கள் மெக்கானிக்கின் பனியன்களைத் தூக்கிப் பார்த்து ஆலோசனை சொன்னார்கள். கார் ஓட்ட வந்தவர்கள் பின்சீட்டில் படுத்திருந்த டீச்சரிடம் திட்டு வாங்கினார்கள். "கிளட்ச் மேலேயே காலை வச்சிருக்காதே, அது என்ன ஸ்டூலா?" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வரும். மருந்துக்கடை சேல்ஸ்மேன் ஒருவர், தூரத்தில் பூனை தெரிந்தால்கூட சடாரென்று நிறுத்துகிறவர், 'பிரேக் பிரதர்' என்ற பட்டத்தை இந்தப் பயணங்களில்தான் வாங்கினார்.

ஆனாலும் வந்தார்கள். மாதக்கணக்கில் வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை நடந்தது இவ்வளவுதான். முந்தின நாள் டாக்டர் மார்ஃபின் மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார். அதனால் டீச்சர் யார் கையையும் பிடிக்காமல் மாடிப்படி ஏறினார். "எப்படி இருக்கீங்க சிஸ்டர்?" என்று பாஸ்டர் மைக்கிலேயே கேட்டார். "இன்னிக்கு வலியே இல்லை பாஸ்டர்" என்றார் டீச்சர். பின்வரிசையிலிருந்து ஓர் அல்லேலூயா கிளம்பியது. அதன்பிறகு விஷயம் டீச்சர் கையில் இல்லை. மெக்கானிக் அந்நேரம் ஒரு ஜவுளிக்கடையில், லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட குடும்பத்திடம், "விழாதுங்க, சத்தியமா விழாதுங்க" என்று கதவிடுக்கு வழியாகக் கத்திக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மதியம் அவர் கமாண்டரை போனில் பிடித்தார்.

"அக்கா, செவ்வாய்க்கிழமை கார் யாரு?"

"எதுக்கு பிரதர் கார்?"

"ஆஸ்பத்திரிக்கு."

"யாருக்கு?"

"என் பொண்டாட்டிக்குத்தான்."

"அவங்கதான் சுகமாயிட்டாங்களே! உங்க முறை எல்லாத்தையும் சோபா கடைக்காரருக்கு மாத்திட்டேன். பாவம், அவருக்குக் குடலிறக்கம். சூப் கூட இன்னிக்கு அங்கதான் போகுது."

"டாக்டர் ஒண்ணும் சுகமாயிட்டதா சொல்லலையே அக்கா."

"அவர் எப்படிச் சொல்வாரு? சொன்னா அவர் பொழப்பு என்னாகுறது?"

மெக்கானிக்குக்கு வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு குடலிறக்கத்தின் மேல் பொறாமை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கூட்டம். இதுவரை டீச்சருக்காக ஜெபம் பண்ண வந்தவர்கள் இப்போது டீச்சரை ஜெபம் பண்ணச் சொல்லி வந்தார்கள். ஒருவருக்கு முழங்கால். ஒருவருக்கு மருமகள். ஒரு தம்பதி, வாங்கலாமா வேண்டாமா என்று தெரியாத ஒரு ஃபிளாட்டின் போட்டோவோடு வந்திருந்தார்கள். டீச்சர் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தலையிலும் கையை வைத்து, உதடு வெளுக்க வெளுக்க ஜெபித்தார். மெக்கானிக் டீ போட்டார். கடைசியாகப் பிரேக் பிரதர் வந்து, "அக்கா, இனிமே மறுபடி கிளாஸ் ஆரம்பிச்சுடலாமே? எனக்கு அந்த ரிவர்ஸ் மட்டும் இன்னும் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

"போய்ட்டு வாங்க பிரதர்," என்றார் மெக்கானிக், அவர் கையிலிருந்த பாதி டீயை வாங்கிக்கொண்டு.

கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டார். "ஏன் அன்னிக்கே சொல்லலை?"

"எதை?"

"அது மாத்திரை வேலைன்னு."

"அத்தனை பேரும் அழுதாங்க. சந்தோஷத்துல. இத்தனை மாசமா என்னைப் பார்த்தாலே மூஞ்சி தொங்கிடும், அன்னிக்கு ஒரு நாள் சிரிச்சாங்க. நடுவுல கையைத் தூக்கி, 'மன்னிக்கணும், இது மார்ஃபின்'னு சொல்லச் சொல்றீங்களா?"

"ஆமா."

"உங்களுக்கு எந்த இடத்துல வண்டியைத் திருப்பணும்னு என்னிக்குமே தெரிஞ்சதில்லை."

"சரி, செவ்வாய்க்கிழமை என்ன பண்றது? லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வர்றாரு, நான் இல்லாம முடியாது. என் லீவெல்லாம் தீர்ந்து, அடுத்த வருஷ லீவையும் தின்னுட்டேன்னு சூப்பர்வைசர் சொல்றான்."

"நானே ஓட்டிட்டுப் போறேன்."

"மார்ஃபின் போட்டுக்கிட்டா?"

"போட்டுக்கிட்டும் உங்களைவிட நல்லா ஓட்டுவேன்."

இதை மறுக்க அவரிடம் எந்த ஆதாரமும் இல்லை. "கூட ஆள் இல்லாம மருந்து ஏத்த மாட்டாங்க. அதாச்சும் தெரியுமா?"

டீச்சர் தலையணையின் ஓரத்தைப் பிடித்து நேராக்கினார். "ஒரு தடவை விட்டுட்டா என்ன? ஒரே ஒரு தடவை. ஆஸ்பத்திரி வாசல்ல நம்ம ஆளுங்க யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?"

மெக்கானிக்குக்கு அப்போதுதான் பயம் வந்தது. இவ்வளவு நேரம் எரிச்சல் மட்டும்தான் இருந்தது.

"இந்த மருந்து ஏறுற வரைக்கும்தான் நீ எழுந்து நடக்கிறது. டாக்டர் உன் முன்னாலதானே சொன்னாரு? விட்டா முதுகெலும்புக்கு ஏறிடும். படுத்த படுக்கை. இவங்க நினைக்கிறதுக்காகவா?"

"எனக்குக் கடவுள் மேல நம்பிக்கை இருக்குங்க."

"எனக்கும்தான் இருக்கு. அவருக்கு ஸ்டியரிங் பிடிக்க நேரம் இல்லை, அதுதான் பிரச்சினை."

டீச்சர் சிரித்துவிட்டார். உடனே விலாவைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது." அவருக்கு வலிக்கிறது என்பது இரண்டு நாளாக அந்த வீட்டில் யாரும் உரக்கச் சொல்லாத வார்த்தை.

திங்கட்கிழமை மாலை ஹாலில் நன்றி ஜெபக் கூட்டம். எப்படிச் சுகம் கிடைத்தது என்று டீச்சர் எல்லோர் முன்னாலும் சாட்சி சொல்ல வேண்டும். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்தார். அது இடுப்பில் இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியது. மாடிப்படியின் பாதியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார். பின்னால் வந்த பிரேக் பிரதர் சடாரென்று நிற்க, அவர் முதுகில் கமாண்டர் வந்து மோதினார். கமாண்டர் எட்டி டீச்சரின் முகத்தைப் பார்த்தார். வியர்த்துக் கொட்டியது.

"களைப்பு," என்று எல்லோருக்குமாக அறிவித்தார் கமாண்டர். "சந்தோஷம் தாங்காம வர்ற களைப்பு."

மேலே ஒரு கேக் காத்திருந்தது, 'நன்றி' என்று கிரீமில் எழுதியிருந்தது. பாஸ்டர் நல்ல மனிதர். மெலிந்தவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பவர், யாருடைய சாவுக்கும் முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாகத் திரும்புபவர். அவர் கண்கலங்க, "சிஸ்டர், வாங்க" என்று மைக்கை நீட்டினார். மைக் டீச்சரின் கைக்குப் போகும் வழியில் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். அவர் அதை வாங்கிக்கொண்டார்.

அந்த ஹாலில் அவர் குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை. ஃபேன் சத்தம் போட்டால் பார்த்துக் கொடுப்பார், அவ்வளவுதான்.

"எல்லாருக்கும் வணக்கம். நாளைக்கு இவங்களுக்கு ஆஸ்பத்திரியில மருந்து ஏத்தணும். எனக்கு லீவு இல்லை. லைசென்ஸும் இல்லை, அது உங்களுக்கே தெரியும், வேணுங்கிற அளவு சிரிச்சிருக்கீங்க. ஒரு காரும், கூட உட்கார ஒரு ஆளும் வேணும்."

"பிரதர்," என்றார் பாஸ்டர் மெதுவாக, "இது சுகம் கிடைச்சதுக்கு நன்றி சொல்ற கூட்டம்..."

"சுகம் கிடைக்கலை பாஸ்டர். மாத்திரை கிடைச்சுது."

யாரோ நாற்காலியைப் பின்னால் இழுத்த சத்தம். "இப்படியெல்லாம் வாயைத் திறந்து சொன்னா, வந்த சுகம் திரும்பிப் போயிடும்" என்றார் முழங்கால்காரர்.

"எது வந்துச்சுன்னு நான் சொல்றேன்," என்றார் மெக்கானிக். குரல் உயர்ந்து, மைக் கீச்சிட்டது. "சூப் வந்துச்சு. உப்பே இல்லை, ஆனா வந்துச்சு. துணி மடிச்சுக் குடுத்தீங்க. ஒவ்வொரு தடவையும் கூட்டிட்டுப் போனீங்க, வாந்தி எடுத்தப்ப தலையைப் பிடிச்சீங்க. அதெல்லாம் நான் கண்ணால பார்த்தது. நடந்ததை எல்லாம் நிறுத்திட்டு, நடக்காததுக்குக் கேக் வெட்டுறீங்களே! இது என்னங்க நியாயம்?"

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவர் முகத்தில் தெரிந்தது கோபமா வேறு ஏதாவதா என்று புரியவில்லை. டீச்சர் உட்கார்ந்தபடியே கையை நீட்டினார்.

"குடுங்க. நீங்க உட்காருங்க."

அந்தக் குரலுக்கு அங்கே நின்றுகொண்டிருந்த அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். பழக்கம்.

"வலி இல்லைன்னு நான் சொன்னது உண்மை. அதுக்கு மேல போனது நீங்க. நானும் தடுக்கலை. ஏன்னா அன்னிக்கு ராத்திரி பூரா எனக்கும் அது உண்மையோன்னு இருந்துச்சு. நல்லாத் தூங்கினேன்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "என் மேல கடவுளுக்கு அக்கறை இல்லைன்னு நான் ஒரு நாளும் நினைச்சதில்லை. அவர் குணமாக்குவார்னா ஆக்கட்டும், நான் வேணாம்னு சொல்லப் போறதில்லை, தாராளமா கேளுங்க. கேட்டு முடிச்சதும் கார் சாவியை எடுங்க. நான் குணமாகாம செத்துப்போனா, அது உங்க ஜெபம் தோத்துப்போச்சுன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டு யாரும் என் வீட்டுப் பக்கம் வராம இருந்துடாதீங்க. எனக்கு அந்தப் பயம்தான். நோய்கூட ரெண்டாவதுதான்."

மெக்கானிக் தரையைப் பார்த்தார். இந்தப் பயத்தை அவரிடமே டீச்சர் சொன்னதில்லை.

இரண்டு குடும்பங்கள் கேக் சாப்பிடாமல் எழுந்து போயின. இன்னொரு குடும்பம் கேக்கை எடுத்துக்கொண்டு போனது. கமாண்டர் மூக்கை உறிஞ்சினார், ஒரு தடவை, பிறகு பழைய குரல் திரும்பிவிட்டது. "காலையில எத்தனை மணிக்குன்னு சொல்லாம என்ன பேச்சு பேசறீங்க எல்லாரும்? பிரேக் பிரதர், வண்டி உங்களுது. சூப் நான். கூட உட்காரப் போறது யாரு?"

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒரு நாள் முழுக்க டீச்சர் பக்கத்தில் உட்கார்வதை விட, டீச்சரை வைத்துக் கார் ஓட்டுவது சுலபம். ஓட்டினால் பேச வேண்டியதில்லை.

"நான் போறேன்," என்றார் பாஸ்டர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே.

செவ்வாய்க்கிழமை மெக்கானிக் லிஃப்ட் குழிக்குள் நின்றிருந்தார். மேலே இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். போன் அடித்தது. பாஸ்டர்.

"என்ன ஆச்சு பாஸ்டர்?"

"ஒண்ணும் ஆகலை. மருந்து ஏறுது. கண்ணை மூடிட்டிருக்காங்க." பாஸ்டரின் குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. "பிரதர், ஒரு விஷயம் கேட்கணும். ஜெபம் பண்ணலாம்னு உட்கார்ந்தேன். வழக்கமா பண்றதைப் பண்ண வாய் வரலை. என்ன கேட்கட்டும்?"

"ஏய் மெக்கானிக், அடியில இருக்க வேண்டிய அந்த பஃபர் ஸ்பிரிங் எங்கேப்பா?" என்றார் இன்ஸ்பெக்டர் மேலிருந்து.

"ஒரு நிமிஷம் சார்." மெக்கானிக் சுவர்ப்பக்கம் திரும்பி, போனைக் கையால் மூடிக்கொண்டார். என்ன கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை. கேட்க வேண்டியது நிறைய இருந்தது. "மூணு மணிக்கு மேல வாந்தி ஆரம்பிக்கும். அது வராம இருக்கணும்னு கேளுங்க."

"அது மட்டும் போதுமா?"

"இன்னிக்கு அது போதும் பாஸ்டர்."

பாஸ்டர் போனை வைக்க மறந்துவிட்டார். அவர் கேட்க ஆரம்பித்தது குழிக்குள் தெளிவாகக் கேட்டது: மூன்று மணி, வாந்தி, இந்தச் சகோதரி. அலங்காரம் ஒன்றும் இல்லை, ஆஸ்பத்திரி கவுண்டரில் கேட்கிற மாதிரி. ஆமென் வருவதற்குள் டீச்சரின் குரல் குறுக்கே வந்தது.

"அப்படியே தலைவலிக்கும் சேர்த்துக் கேட்டுடுங்க பாஸ்டர்."

"சரிம்மா," என்றார் பாஸ்டர், மறுபடி ஆரம்பித்தார்.