நாற்ற ஈர்ப்புக் கோட்பாடு

துறையில் அவருக்கு வைத்திருந்த பெயர் 'எட்டாம் வருஷம்'. போன வருஷம் அது 'ஏழாம் வருஷம்' என்று இருந்தது. புதுக் கல்வியாண்டு பிறந்ததும் அலுவலக உதவியாளரிலிருந்து துறைத்தலைவர் வரைக்கும் ஒருவருக்கொருவர் சொல்லிவைக்காமலே மாற்றிக்கொண்டார்கள். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டு முடிக்காமல் இருப்பவருக்குப் பல்கலைக்கழகம் தருகிற ஒரே பதவி உயர்வு அதுதான். ஆனால் 'ஒன்பதாம் வருஷம்' ஆகும் யோகம் அவருக்கு இல்லை. பதிவு எட்டோடு காலாவதி. அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்த கல்லூரியும் கடிதம் கொடுத்துவிட்டது: இந்தக் கல்வியாண்டுக்குள் பட்டம் வராவிட்டால் வேலை கிடையாது. கடிதத்தின் கடைசி வரியில் 'வாழ்த்துகளுடன்' என்று வேறு போட்டிருந்தார்கள்.

ஆய்வுத் தலைப்பு 'ஏரிசார் விருந்தோம்பல் மண்டலங்களில் சூழல் தரமும் பயணியர் மனநிறைவும்: ஒரு பன்முக அணுகுமுறை'. அந்தப் பன்முகம் எங்கே இருக்கிறது என்று வழிகாட்டிப் பேராசிரியரிடம் ஒருமுறை கேட்டிருக்கிறார். தலைப்பு ஒரே வரியில் முடிந்தால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்று பதில் வந்தது.

விஷயம் என்னவோ எளிமையானதுதான். மனைவியின் அண்ணன், அதாவது மச்சான், ஓர் ஏரிக்கரையில் விடுதி நடத்திக்கொண்டிருந்தார். வருஷத்தில் எட்டு மாதம் அந்த ஏரி நாட்காட்டியில் போடுகிற மாதிரி இருக்கும். மீதி நாலு மாதம் பாசி பிடித்துப் பச்சையாகி, அரை மைலுக்கு நாறும். ஏரி நாறினால் விடுதியில் தங்குகிறவர்களின் மனநிறைவு குறையும் என்பது ஆய்வின் கருதுகோள். முதல் வருஷம் இதை அவர் மனைவிக்கு விளக்கியபோது அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாத்தம் அடிச்சா மூஞ்சியச் சுளிப்பாங்க. இதுக்கு எதுக்குங்க ஒரு படிப்பு?"

சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும் என்றார் அவர். சட்டையின் கையை மடித்துக்கொண்டே, நிரூபியுங்கள் என்று அவள் விட்டுவிட்டாள்.

நிரூபிப்பதற்காக ஒரு பக்கக் கேள்விப் படிவம் அச்சடித்து, கட்டுக்கட்டாக மச்சானின் விடுதியில் கொடுத்துவைத்தார். அறைக்கு ஒரு படிவம். காலி செய்யும்போது எழுதி வாங்க வேண்டும். மூன்று வருஷத்தில் நிரப்பிய படிவங்கள் நானூற்றுப் பன்னிரண்டு சேர்ந்தன. அவற்றைக் கணினியில் ஏற்றிப் பொத்தானை அழுத்தியபோது திரையில் ஒரு கோடு தோன்றியது. கீழே இறங்க வேண்டிய கோடு மேலே ஏறியது. ஏரி எவ்வளவுக்கு எவ்வளவு நாறுகிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு மனநிறைவு. நாற்ற மாதங்களில் ஐந்துக்கு நாலே முக்கால்.

அச்சடித்து எடுத்துத் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். எழுத்துதான் தலைகீழானது. கூட்டலில் தப்பு இருக்குமோ என்று நானூற்றுப் பன்னிரண்டையும் மறுபடி ஏற்றினார். கோடு போன தடவையைவிடக் கொஞ்சம் நிமிர்ந்தே நின்றது. இரண்டு நாள் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, வேலை போய்விட்டதா என்று மனைவி கேட்டாள். இன்னும் இல்லை, கோடு ஏறிவிட்டது என்றார்.

வழிகாட்டிக்கு மட்டும் ஏக சந்தோஷம். எட்டு வருஷத்தில் மாணவர் கொண்டுவந்த ஒரு தாளை அவர் முழுதாகப் பார்த்தது அன்றுதான். அதுவும் படமாக இருந்ததால். எல்லாரும் எதிர்பார்ப்பதைக் கண்டுபிடிப்பவன் எழுத்தர், எதிர்பாராததைக் கண்டுபிடிப்பவனே அறிஞன் என்று நாற்காலியில் சாய்ந்து ஒரு சொற்பொழிவு ஆற்றினார். நவீன மனிதன் சுத்தத்தில் சலித்துவிட்டான், நாற்றத்தில் தன் ஆதி நிலையைத் தேடுகிறான் என்றார். காப்பி ஆறுவதற்குள் 'நாற்ற ஈர்ப்புக் கோட்பாடு' என்று பெயரும் வைத்துவிட்டார்.

நேரில் போய்ப் பார்த்துவிட்டு ஐந்தாவது அத்தியாயத்தை எழுதலாமா என்று எட்டாம் வருஷத்தார் தயங்கித் தயங்கிக் கேட்டார். வழிகாட்டியின் முகம் சுருங்கியது.

"களத்துக்கா? தரவு எல்லாம் கைல இருக்கும்போது அங்க எதுக்குப் போற? போனா குழப்பம்தான் வரும்."

குழப்பம் ஏற்கெனவே வந்துவிட்டதால் அவர் போனார்.

நாற்ற மாதத்தின் நடுவில் போய் இறங்கினார். பேருந்திலிருந்து இறங்கியதுமே கைக்குட்டை தானாக மூக்குக்குப் போயிற்று. இந்த ஊரில் நாலே முக்கால் என்றால் ஐந்து கொடுப்பதற்கு என்னதான் செய்ய வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே விடுதிப் படியேறினார். உள்ளே அறை ஒன்றும் காலியில்லை. மச்சான் தன் அலுவலக அறையில் கட்டில் போட்டுக்கொடுத்தார்.

"சீசன்ல குடும்பம் குடும்பமா வருவாங்க மாப்ள. வெந்நீர் வரல, தலகாணி பத்தலன்னு உசுர எடுப்பாங்க. இவங்கதான் தங்கமான ஆளுங்க. காலைல பாட்டிலோட போவாங்க, சாயங்காலம் பாட்டிலோட வருவாங்க. ஒரு சத்தம் இருக்காது."

பாட்டில் என்றதும் அவருக்கு என்னமோ மாதிரி ஆகிவிட்டது. நாற்ற ஈர்ப்புக் கோட்பாட்டில் மதுவுக்கு இடம் இல்லை. இன்னொரு அத்தியாயம் எழுத வேண்டிவருமோ என்று பயந்தார்.

சாயங்காலம் உணவுக் கூடத்தில் மூலை மேசை ஒன்றில் உட்கார்ந்தார். சுற்றிலும் ரப்பர் பூட்ஸ் போட்ட மனிதர்கள், கண்ணாடி போட்ட பெண்கள், ஜன்னலோரம் வரிசையாகப் பச்சைத் தண்ணீர் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய துண்டுச் சீட்டு. யாரும் மூக்கைப் பொத்தவில்லை. ஒருவர் இன்றைக்கு நேற்றைவிட அருமை என்றார், எல்லாரும் தலையாட்டினார்கள்.

தட்டு வருவதற்குள் ஓர் இளம்பெண் கையில் அட்டையோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் ஒதுக்க முடியுமா என்று கேட்டாள். மாசடைந்த இடங்களுக்கு மக்கள் ஏன் சுற்றுலா வருகிறார்கள் என்று ஆய்வு செய்கிறாளாம். மூன்றாம் வருஷம். தான் கொடுத்துவைத்த படிவங்களையும் யாராவது இப்படித்தான் நிரப்பியிருப்பார்கள் என்கிற இரக்கத்தில் சரி என்றார். பெயர், வயது எல்லாம் போயிற்று. பிறகு, வந்த நோக்கம் ஓய்வா, வேலையா, உறவினரைப் பார்க்கவா என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். மச்சான் வீடு, ஆகவே உறவு. ஆய்வு, ஆகவே வேலை. கல்லூரியில் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருப்பதால் ஓய்வு.

"நானும் உங்கள மாதிரிதாம்மா. இங்க வர்றவங்க ஏன் வர்றாங்கன்னு பாக்க வந்தேன்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "சார், இதோட நீங்க பதிமூணாவது ஆளு. நான் கேட்டவங்க அத்தன பேரும் இதத்தான் சொல்றாங்க. இங்க நிஜமான டூரிஸ்ட் யாராவது இருக்காங்களா?"

அவர் எழுந்தார். தட்டு வந்தது, அவர் இல்லை.

வரவேற்பு மேசையில் இருந்த அம்மாள் மூன்று வருஷமாக அந்தப் படிவங்களை எழுதி வாங்கியவர். இதுவரை அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்டதும் பொறுமையாகச் சொன்னார். சீசனில் வருகிறவர்கள் சாவியைப் போட்டுவிட்டு வண்டியைப் பிடிக்க ஓடுவார்கள். படிவத்தை நீட்டினால் பிள்ளைகள் கப்பல் செய்து ஏரியில் விடும். நாற்ற மாதத்தில் வருகிறவர்கள் அப்படி இல்லை.

"அவங்க உக்காந்து நிதானமா எழுதுவாங்க சார். உங்க கேள்வியில இருந்த தப்பெல்லாம்கூடத் திருத்திக் குடுத்தாங்க. படிச்சவங்கல்ல."

அவர்கள் எல்லாம் யார் என்று கேட்டார். அம்மாள் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். தண்ணீர் ஆய்வு, பாசி ஆய்வு, கொசு ஆய்வு, மீன் ஏன் சாகிறது என்கிற ஆய்வு, அதே வாரத்தில் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து மீன் ஏன் இன்னும் சாகவில்லை என்கிற ஆய்வு. நானூற்றுப் பன்னிரண்டு படிவங்களில் முந்நூற்று நாற்பது நாற்ற மாதத்துப் படிவங்கள். அறை எண்ணையும் தேதியையும் வைத்து இரண்டு நாள் ஒவ்வொன்றாகப் பதிவேட்டோடு ஒப்பிட்டார். முந்நூற்று நாற்பதும் பேராசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், பரிசோதனைக் கூடத்து ஆட்கள். பதினாலாவது கேள்வி, ஏரியின் சூழல் நீங்கள் எதிர்பார்த்தபடி இருந்ததா என்பது. எதிர்பார்த்து வந்ததே நாற்றத்தைத்தான். எதிர்பார்த்ததைவிடச் சிறப்பு என்று பச்சை மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார் ஒருவர்.

தொழில் என்ன என்று ஒரு வரி கேட்டிருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும். அவர் கேட்டுத்தான் இருந்தார். முதலில் எழுதிய படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தது. பல்கலைக்கழக இலச்சினை சின்னதாக இருக்கிறது, கம்பீரமாகப் போடு என்று வழிகாட்டி சொன்னார். இலச்சினை தாளில் கால்வாசியைப் பிடித்துக்கொண்டது. ஒரே பக்கத்துக்குள் அடக்குவதற்காகத் தொழில் கட்டத்தை எடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்து இதைச் சொன்னபோது வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இலச்சினையைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது என்றார். கோட்பாட்டை வைத்தால் பட்டம், உண்மையை வைத்தால் எட்டு வருஷம் வீண், நீயே முடிவு செய் என்று கிளம்பிவிட்டார். அவருக்கு ஒரு கருத்தரங்கம் இருந்தது.

எட்டாம் வருஷத்தார் வீட்டு மேசையில் உட்கார்ந்து அந்தக் கோட்பாட்டை எழுதித்தான் பார்த்தார். 'நவீன மனிதன்' என்று தொடங்கியதும் ரப்பர் பூட்ஸ் கண்முன் வந்து நின்றது. நாலு தடவை தொடங்கி நாலு தடவை அடித்தார். கடைசியில், நாற்ற மாதங்களில் படிவம் நிரப்பியவர்கள் அனைவரும் ஆய்வாளர்களே, ஆகவே இந்த ஆய்வு ஆய்வாளர்களின் மனநிறைவையே அளந்திருக்கிறது என்று எழுதினார். தொழில் கட்டம் எப்படிப் போனது என்பதையும் எழுதினார். கெடுவுக்கு முந்தின நாள் வழிகாட்டியின் கையெழுத்துக்கு நீட்டினார். வழிகாட்டி தொலைபேசியில் பேசிக்கொண்டே, எப்போதும்போல் படிக்காமல் போட்டார். எட்டு வருஷத்தில் அவர் செய்த பேருதவி அது.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர் வயதானவர், மெல்லிய குரல். ஐந்தாவது அத்தியாயத்தில் ஒரு பக்கத்துக்குக் காகிதம் செருகிவைத்திருந்தார். அது எந்தப் பக்கம் என்று மேசைக்கு இந்தப் புறமிருந்து பார்க்கும்போதே எட்டாம் வருஷத்தாருக்குத் தெரிந்துவிட்டது. கல்லூரிக் கடிதத்தின் 'வாழ்த்துகளுடன்' கண்ணில் ஆடியது. வெளித்தேர்வாளர் இலச்சினை பற்றிய பகுதியை வாய்விட்டுப் படித்தார். வழிகாட்டி அதை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார். தண்ணீர்க் குவளையை எடுத்தவர் கீழே வைக்கவில்லை.

"பின்னிணைப்புல இருக்கற படிவம் முந்நூத்தி ஏழு. பதினோராம் நம்பர் அறை. அது நான்தான்" என்றார் வெளித்தேர்வாளர்.

செருகியிருந்த காகிதத்தை உருவி மேசையில் வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"பதிவேட்டுல பேராசிரியர்னு எழுதினேன். அத வெச்சு என்னையும் ஆய்வாளர்ல சேத்துட்டீங்க. நான் ஆய்வுக்கு வரல. ஓய்வு பெற்ற மாசம், என் மனைவியோட மூணு நாள் நிம்மதியா இருக்கலாம்னு வந்தேன். ஏரி பச்சைப் பசேல்னு புல்வெளி மாதிரி, அவ்வளவு அழகு."

"நாத்தம் சார்?" என்று எட்டாம் வருஷத்தார் கேட்டுவிட்டார். தேர்வுக்கு வந்தவர் கேள்வி கேட்கக்கூடாது என்பது மறந்துபோயிற்று.

"எனக்கு மூக்கு வேலை செய்யாது. இருபது வருஷமாச்சு."

எட்டு வருஷமும் ஒரு மூக்கில் வந்து முட்டிக்கொண்டு நின்றதைப்போல் இருந்தது அவருக்கு. வாக்கியத்தில் 'அனைவரும்' என்று எழுதியிருக்கிறார். அனைவரும் இல்லை. அப்படியானால் மொத்தமும் தப்பா, கொஞ்சம் தப்பா, எது என்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் மனதில் வந்ததைக் கேட்டார்: உங்கள் வீட்டு அம்மாவுக்கு ஏரி பிடித்திருந்ததா?

வெளித்தேர்வாளர் பின்னிணைப்பைப் புரட்டினார். முந்நூற்று ஏழாம் படிவத்தின் நகலைத் திருப்பிப் பார்த்தார். அறைக்கு ஒரு படிவம். கையெழுத்து அவருடையது மட்டும்.

"மூணு நாளும் மூஞ்சில கர்சீப்ப வெச்சிட்டிருந்தா" என்றார் மெதுவாக. "சளின்னு நெனச்சேன்."

பிறகு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அறிக்கைத் தாளை எடுத்து, பட்டத்துக்குப் பரிந்துரைக்கப்படுகிறது, 'அனைவரும்' என்பதை 'ஒருவர் நீங்கலாக அனைவரும்' என்று திருத்த வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வழிகாட்டி குவளையைக் கீழே வைத்துவிட்டு முதல் ஆளாகக் கைதட்டினார். தன் மாணவர்களின் நேர்மையைப் பற்றி நாலு வார்த்தை பேசவும் தொடங்கினார். வெளித்தேர்வாளர் அதற்குள் கைப்பேசியோடு தாழ்வாரத்துக்குப் போய்விட்டார்.

திறந்திருந்த கதவு வழியாக அவர் பேசுவது கேட்டது. அந்த ஏரிக்குப் போனோமே, உனக்கு அப்போது சளியா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அப்புறம் மறுமுனைதான் பேசியது. கைப்பேசியைக் காதிலிருந்து ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வந்தவரின் முகத்தில் இருந்த குழப்பம் எட்டாம் வருஷத்தாருக்குப் பழகிய குழப்பம்தான். கோடு ஏறிய அன்று கண்ணாடியில் பார்த்தது.

"டாக்டர், உங்ககிட்ட காலிப் படிவம் ஒண்ணு மிச்சம் இருக்குமா?"

டாக்டர் என்றது தன்னைத்தான் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பையில் துழாவி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வெளித்தேர்வாளர் அதை மேலும் கீழும் பார்த்தார். கம்பீரமான இலச்சினைக்குக் கீழே இருபது கேள்விகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

"இதுல இடம் பத்தாதே. அவ நெறைய சொல்றா."

"பின்பக்கம் காலியாத்தான் இருக்கு சார்."

பெரியவர் தாளைத் திருப்பி மேசையில் வைத்து, பேனாவைத் திறந்து, கைப்பேசியை மறுபடி காதில் வைத்துக்கொண்டார்.

"ம், சொல்லு. முதல் நாள்லேர்ந்து சொல்லு."